தோட்டாவில் ஏன் கொழுப்பு? 'மங்கள் பாண்டே' கேட்காமல் விட்ட கேள்வி

போன மாதம் மொட்டைமாடி கிரில் கேட்டுக்கு பவுடர் கோட்டிங் அடிக்க திருமுடிவாக்கம் சிட்கோ பக்கம் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். குன்றத்தூரிலிருந்து கூப்பிடு தூரம்தான். மின்னேற்றம் கொடுத்த பிளாஸ்டிக் பொடி இரும்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் 200 டிகிரி வாக்கில் அடுப்பில் வைத்தால் உருகி, படலமாக இறுகிவிடுகிறது. காத்திருந்த நேரத்தில் செல்போனைத் துழாவினேன். அமெரிக்காவில் வீட்டிலேயே ஈயக் குண்டு வார்ப்பவர்கள் இதே பொடியையும் நூற்றுக்கணக்கான குண்டுகளையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் குலுக்கி, சின்ன மின்சார அடுப்பில் சுட்டு எடுக்கிறார்களாம். ஈயம் உருக 327 டிகிரி வேண்டும், அதனால் குண்டுக்கு ஒன்றும் ஆகாது. (நம்ம ஊரில் உரிமம் இல்லாமல் தோட்டா செய்தால் 1959 ஆயுதச் சட்டம் பாயும். முயற்சி வேண்டாம்.)

எதுக்கு இந்தப் பூச்சு? ஈயம் மெத்தென்ற உலோகம். வேகமாகப் போகும்போது குழலின் உட்சுவரில் தேய்ந்து அப்பிக்கொள்ளும், குறி கெட்டுப்போகும். நடுவில் ஏதாவது ஒன்று வழுக்க வேண்டும். இன்றைக்கு அது பிளாஸ்டிக். 1857-ல் அது கொழுப்பு.

இதைப் படித்த கையோடு, 2005-ல் கேதன் மேத்தா எடுத்த 'மங்கள் பாண்டே' படத்தை மறுபடி பார்த்தேன். ஆமிர் கான் மீசை, ரஹ்மான் இசை எல்லாம் சரி. ஆனால் கதையின் அச்சாணியே தோட்டா. அது எப்படி வேலை செய்கிறது, அதில் கொழுப்பு எதற்கு என்பதில் மட்டும் படத்துக்கு அக்கறை இல்லை. பள்ளியில் நாம் படித்ததும் அப்படித்தானே? பசு, பன்றி, பல், கலகம். முடிந்தது பாடம்.

என்ஃபீல்டு துப்பாக்கியின் குழல் விட்டம் .577 அங்குலம். குண்டு .568. அந்த இடைவெளியை நிரப்புவது கொழுப்பில் தோய்த்த காகிதம். தோட்டா என்பதே ஒரு காகிதக் குழாய்தான்: ஒரு முனையில் மருந்து, மறுமுனையில் குண்டு. சிப்பாய் மருந்து முனையைக் கடித்துக் கிழித்து மருந்தைக் கொட்டுவான். பிறகு தோட்டாவைத் திருப்பி, குண்டு இருக்கும் முனையைக் காகிதத்தோடு குழலில் செருகுவான். கொழுப்பு இருந்தது இந்தக் குண்டு முனையில். கடித்தது மற்ற முனையை.

இதைப் பிடித்துக்கொண்டு 'பாருங்கள், வாயில் கொழுப்பே படவில்லை, எல்லாம் வெறும் வதந்தி' என்று வாதாடுகிறவர்கள் உண்டு. எனக்கு இது எரிச்சல் தருகிற வாதம். தோட்டா பையில் ஒன்றோடொன்று உரசிக் கிடக்கும், வங்காள வெயிலில் கொழுப்பு இளகும், அதே கையால்தான் சாப்பிட வேண்டும். தீட்டுக்கு வாய்தான் வழி என்று யார் சொன்னது? தொட்டாலே போதுமே.

எனக்கு நிஜமாகவே தூக்கம் கெட்டது வேறொரு விஷயத்தில். 1853-லேயே கொழுப்பு தடவிய தோட்டாக்களை இந்தியாவுக்கு அனுப்பிச் சோதித்திருக்கிறார்கள். என்ன சோதனை? இந்தத் தட்பவெப்பத்தைக் கொழுப்பு தாங்குமா என்று. அப்போது வங்காளப் படையின் அட்ஜுடன்ட் ஜெனரலாக இருந்த கர்னல் டக்கர், இந்தக் கொழுப்பு சாதி உணர்வைப் புண்படுத்தாது என்று உறுதியாகத் தெரியும்வரை சுதேசிப் படையிடம் கொடுக்காதீர்கள் என்று எழுதினார். கொடுத்தார்கள். சிப்பாய்கள் மாதக்கணக்கில் பையில் சுமந்தார்கள், கொழுப்பு 'பாஸ்' ஆனது. இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிறேன். சர்வர் தாங்குமா என்று மட்டும் பார்த்துவிட்டு, பயன்படுத்தப் போகிறவரைக் கேட்காமல் வெளியிட்ட கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். டக்கரின் கடிதத்தைப் படித்தபோது கொஞ்சம் கூசியது.

1857-ல் விசாரணை நடந்தபோது, ஆட்சேபகரமான கொழுப்பு கலக்காமல் இருக்கத் தனி முன்னெச்சரிக்கை எதுவும் எடுத்ததாகத் தெரியவில்லை என்று தளவாடத் துறையின் தலைமை அதிகாரியே ஒப்புக்கொண்டார். எந்த விலங்கு என்று ஒப்பந்தக்காரரை யாரும் கேட்கவில்லை. ஜனவரி 27-ல் சிப்பாய்களே விரும்பிய பூச்சைத் தடவிக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது. அதற்குள் சந்தேகம் காகிதத்துக்குத் தாவிவிட்டது: இது ஏன் இப்படிப் பளபளக்கிறது? மீரட்டில் ஏப்ரல் 24-ல் 85 குதிரைப்படை வீரர்கள் மறுத்தது புதுத் தோட்டாவைக்கூட அல்ல, பழைய தோட்டாவைத்தான். ஒரு படத்துக்கு இதைவிட நல்ல காட்சி வேறு என்ன வேண்டும்? அதிகாரி சொல்வது உண்மை. ஆனாலும் ஒருவரும் நம்பவில்லை. படமோ பொய் சொல்லும் கம்பெனி, ஏமாந்த நண்பன் என்று சுலபமான பாதையில் போய்விடுகிறது.

அதற்காக எல்லாமே கொழுப்பு என்றும் சொல்ல மாட்டேன். அதே 1857-ல் சென்னைப் படையின் 8-ஆம் குதிரைப்படை, கப்பலேறி வங்காளம் போவதற்காக பெங்களூரிலிருந்து வந்தது. வழியில் பழைய சம்பளமும் படியும் கேட்டது. பூந்தமல்லிக்கு வந்ததும், நாட்டு மக்களுக்கு எதிராகச் சண்டை போட மாட்டோம் என்று நின்றுவிட்டது. தோட்டா பேச்சே இல்லை. குதிரைகளையும் ஆயுதங்களையும் பிடுங்கிக்கொண்டு ஆற்காட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பூந்தமல்லி எங்கள் வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. இதை யாராவது படமாக எடுத்தால் முதல் நாளே டிக்கெட் எடுத்துவிடுவேன்.