வினைக் கோட்பாடும் கடவுள் மறுப்பும்: நெய்யாற்றின்கரை – பாறசாலை எல்லைப்புறத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

கடவுள் இல்லை என்போர் முன்வைக்கும் வாதங்கள் பெரும்பாலும் ஐந்தனுள் அடங்கும். காட்சிக்குப் புலனாகாத ஒன்றை உண்டெனக் கொள்ளலாகாது என்பது முதலாவது. உலகிற்கு ஒரு கருத்தா வேண்டுமெனின் அக்கருத்தாவிற்கும் ஒரு கருத்தா வேண்டும் என்பது இரண்டாவது. சமயங்கள் ஒன்றையொன்று மறுப்பதால் அவற்றுள் எதுவும் சான்றாகாது என்பது மூன்றாவது. அச்சமும் குருமார் நலனுமே கடவுளைப் படைத்தன என்பது நான்காவது. எல்லாம் வல்லவனும் அருளாளனுமாகிய ஒருவன் இருப்பின் உலகில் இத்துணைத் துன்பம் ஏன் என்பது ஐந்தாவது.

இவ்வாதங்கள் பிராட்லா, இங்கர்சால், ரசல் முதலியோர் வழியாகத் தமிழுக்கு வந்தவை என்னும் கருத்து ஆய்வுலகில் பரவலாக உண்டு. 1882 முதல் 1888 வரை சென்னையிலிருந்து வெளிவந்த ‘தத்துவ விவேசினி’ இதழையும், பின்னர் ‘குடி அரசு’ இதழையும் அதற்குச் சான்று காட்டுவர். இக்கருத்து ஒருபாதி உண்மையே. வாதத்தின் பிறப்பிடத்தைத் தேடும் இப்பார்வை, அது எந்த மண்ணில் எவ்வாறு பொருள் மாறியது என்பதைக் காணத் தவறுகின்றது. இன்றைய கேரளத்தின் தென்கோடியில், தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிகளை முன்வைத்து ஐந்தாம் வாதத்தின் போக்கை இக்கட்டுரை மதிப்பிடுகின்றது.

தமிழ் நூல்களில் மறுப்பும் மறுமொழியும்

கடவுள் மறுப்பும் உலகாயதமும் தமிழுக்குப் புதியன அல்ல. அவை பெரும்பாலும் அவற்றை மறுப்போரின் நூல்களிலேயே காக்கப்பட்டுள்ளன. மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதையில் பூதவாதி தன் கொள்கையை உரைக்கின்றான். காட்சி ஒன்றே அளவை என்னும் அவனிடம், தந்தை தாயரை நீ கருதலளவையால் அன்றி வேறு எவ்வாறு அறிவாய் என வினவுகின்றாள் மணிமேகலை. முதல் வாதத்திற்குத் தமிழில் கிடைக்கும் மிகச் சுருக்கமான மறுமொழி இதுவாகலாம். எனினும் இம்மறுமொழி கருதலளவையை நிறுவுகின்றதேயன்றிக் கடவுளை நிறுவவில்லை என்பது நோக்கத்தக்கது. நீலகேசியும் பூதவாதத்திற்கெனத் தனிச் சருக்கம் வகுக்கின்றது. அதனை மறுக்கும் சமணமோ தானே படைப்புக் கடவுளை ஏலாத சமயம். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் பரபக்கம் உலகாயதன் மதத்தை முதற்கண் நிறுத்தியே மறுப்பைத் தொடங்குகின்றது.

ஐந்தாம் வாதத்திற்குச் சித்தியாரின் சுபக்கம் தரும் மறுமொழி வினைக் கோட்பாடாகும். துன்பம் அவரவர் வினையின் பயன். வினை அறிவற்றது ஆதலின் அதனைக் கூட்டுவிக்க இறைவன் வேண்டும். பெற்றோர் பிள்ளையை ஒறுத்தல் அன்பின் பாற்பட்டது போல இறைவன் தரும் துன்பமும் அருளே என அந்நூல் நிறுவுகின்றது. இறைவனைக் குற்றத்தினின்று விடுவிக்கும் இவ்வமைப்பு தருக்க நிலையில் செறிவானது. மேலைச் சமயத் தத்துவம் நெடுங்காலம் இடர்ப்பட்ட ஓர் இடத்தில் சைவ சித்தாந்தம் எளிதாகக் கடந்துசெல்வது போலத் தோன்றுவதும் இதனாலேயாம்.

பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு என்னும் ஆறும் கருவிலேயே வரையறுக்கப்படுவன என்பது சித்தியாரின் துணிபு. இவ்வாறனுள் சாதி இல்லை. ஆயினும் தவம் புரியும் குலத்திற் பிறத்தலை அரிய பேறாகக் கூறும் இடம் அந்நூலிலேயே உண்டு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியில், சாதியை ஏழாவதாகச் சேர்த்துக்கொள்ளச் சமூகத்திற்குத் தடை இருக்கவில்லை.

எல்லைப்புறத்தில் மறுமொழியே குற்றச்சாட்டாதல்

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டன. பாறசாலையை உள்ளடக்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அதற்கு முன் இவை யாவும் தென்திருவிதாங்கூர் என்னும் ஒரே நிலப்பரப்பாகும். 19ஆம் நூற்றாண்டில் இங்கு நாடார், ஈழவர், புலையர், பறையர் முதலிய மக்களுக்குக் கோயில் மட்டுமன்றிக் கோயிலைச் சூழ்ந்த வழிகளும் மறுக்கப்பட்டிருந்தன. பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கே நெடிய போராட்டம் தேவைப்பட்டது. அதற்கான அரசாணை 1859இல்தான் கிடைத்தது.

இத்தகைய சூழலில் வினைக் கோட்பாடு வேறொரு பொருள் பெறுகின்றது. தாழ்ந்த பிறப்பு முன்வினையின் பயன் எனின், வழியை மறிப்பவன் இறைவனின் நீதியை நிறைவேற்றுபவன் ஆகின்றான். மடத்தில் கடவுளைக் காத்த அதே மறுமொழி, தெருவில் கடவுள்மீது சாட்டப்படும் குற்றமாக மாறுகின்றது. எனவே இம்மண்ணில் எழுந்த வினா ‘கடவுள் உண்டா?’ என்பதன்று, ‘இந்நீதி கடவுளுடையதாயின் அவர் யாருடைய கடவுள்?’ என்பதாகும்.

இவ்வினாவிற்கு முதற்கண் விடையிறுத்த தமிழ் நூல் 1841இல் தோன்றிய அகிலத்திரட்டு அம்மானை எனலாம். சான்றோர் மக்கள்மீது சுமத்தப்பட்ட வரிகளையும் ஊழியங்களையும் அந்நூல் நிரல்படுத்துகின்றது. துன்பத்தின் காரணத்தை அம்மக்களின் முன்வினையில் தேடாமல், முதன்மையாகக் கலியின் ஆட்சியில் காண்கின்றது. ஐயா வைகுண்டர் (1809–1851) வழியினரின் பதியிலும் நிழல்தாங்கல்களிலும் சிலைக்கு மாற்றாகக் கண்ணாடி வைக்கப்படுவது இதன் தொடர்ச்சி. வணங்க வருபவனின் முகமே அங்குத் தெரிகின்றது.

அருவிப்புரமும் அருமானூரும்

1888ஆம் ஆண்டுச் சிவராத்திரியன்று நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புரத்தில் நாராயண குரு ஆற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவலிங்கமாக நிறுவினார். ஈழவர் குலத்திற் பிறந்தவர் சிவப்பிரதிட்டை செய்யலாமா என வினவியோரிடம், தாம் நிறுவியது ஈழவச் சிவனையே என அவர் மறுமொழி கூறியதாக வாய்மொழி மரபு குறிப்பிடுகின்றது. சென்னையில் தத்துவ விவேசினி நின்றதும் இதே ஆண்டில் என்பது தற்செயலான ஒற்றுமையே. எனினும் சென்னையில் கடவுளின் இருப்பு வாதிக்கப்பட்ட காலத்தில், நெய்யாற்றங்கரையில் கடவுளின் உடைமை வாதிக்கப்பட்டது என்னும் வேறுபாட்டை அது தெளிவாக்குகின்றது.

நாராயண குருவின் தமிழ்ப் பயிற்சி ஈண்டுக் கருதத்தக்கது. திருக்குறளின் சில அதிகாரங்களையும் ஒழிவிலொடுக்கத்தையும் மலையாளத்தில் பெயர்த்த அவர், நெய்யாற்றின்கரை வட்டத்து அருமானூர் நயினார் கோயில் இறைவன்மீது தமிழிலேயே தேவாரப் பதிகங்கள் பாடியுள்ளார். இறைவனின் புகழும் அடியவனின் முறையீடும் இணைந்து வருவது பதிக மரபு. மரபுவழிக் கோயிலின் கருவறையை அணுக இயலாத குலத்திற் பிறந்தவர், அக்கோயிலில் ஓதப்படும் வடிவத்தையே தமக்குரியதாக்கிக் கொண்டமை இலக்கிய வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை. மலையாள இலக்கிய வரலாறு அதனைத் தமிழ் என்று ஒதுக்க, தமிழிலக்கிய வரலாறு அதனைக் கேரளத்தினது என்று விட்டுவிட்டது.

அவரது ‘சாதி மீமாம்சை’ வாதத்தின் மையத்தைத் தொடுகின்றது. பசுவிற்குப் பசுத்தன்மை போல மனிதனுக்கு மனிதத்தன்மையே சாதி என்பது அதன் கருத்து. இது சமூகச் சீர்திருத்த முழக்கமாக மட்டுமே வாசிக்கப்பட்டு வருகின்றது. தருக்க நோக்கில் இதன் பயன் வேறு. மனிதருக்குள் சாதி என்னும் வேறுபாடே பொருளற்றது எனின், அதனை வினைப்பயனாகக் காட்டவும் இயலாது. கடவுளை மறுக்காமலே, சாதிக்குக் கடவுள் தந்ததாகக் கூறப்பட்ட சான்றிதழை அந்நூல் கிழித்துவிடுகின்றது.

ஒன்றிலிருந்து இன்மைக்கு

குருவின் மாணவராகிய சகோதரன் ஐயப்பன் (1889–1968) 1917இல் செறாயியில் சமபந்தி விருந்து நடத்தியவர். மனிதனுக்குச் சாதியும் மதமும் தெய்வமும் ஒன்றே என்ற குருவின் கூற்றை, அம்மூன்றுமே வேண்டா என மாற்றியமைத்தார். சாதியை நீக்கிய பின் எஞ்சும் கடவுளுக்கு ஆற்ற வேண்டிய பணி யாது என்பதே அவரது வினாவின் உட்பொருள். 1929இல் தொடங்கப்பட்ட ‘யுக்திவாதி’ இதழிலும் அவருக்குப் பங்குண்டு.

இதே திசையில் தமிழில் நிகழ்ந்த முயற்சியும் தென்திருவிதாங்கூர் மண்ணைச் சார்ந்தவரால் நிகழ்ந்ததே. பகத்சிங் 1930இல் லாகூர்ச் சிறையில் எழுதிய நாத்திகம் பற்றிய கட்டுரையைத் தமிழாக்கிய ப. ஜீவானந்தம் (1907–1963) பூதப்பாண்டியிற் பிறந்தவர். அம்மொழிபெயர்ப்பின் பொருட்டு அவர் ஆங்கில அரசின் சிறைத் தண்டனைக்கு உள்ளானார். அக்கட்டுரை வறுமையையும் தாழ்ந்த பிறப்பையும் முற்பிறவித் தண்டனையாகக் காட்டும் கோட்பாட்டை ஆதிக்கத்திலுள்ளோரின் புனைவு எனக் கண்டிக்கின்றது. அகிலத்திரட்டும் சாதி மீமாம்சையும் தாக்கிய அதே இலக்கினை அது தாக்குகின்றது. தெற்கின் வாசகனுக்கு இது வெளியிலிருந்து வந்த வாதமாகத் தோன்றியிருக்க இயலாது.

மதிப்பீடு

குருவின் விடை முழுமையானதா என்பது வினாவிற்குரியது. மனிதர் மனிதருக்கு இழைக்கும் துன்பத்திற்கு அது விடை தருகின்றது. இயற்கை இழைக்கும் துன்பத்திற்கு அது போதவில்லை. 1755இல் லிசுபன் நகரை அழித்த நிலநடுக்கம் வோல்தேரை எழுப்பிய வினாவையே, 2004 திசம்பர் 26 அன்று குளச்சல் முதலிய கடற்கரைகளில் உயிர்களைக் கொண்ட ஆழிப்பேரலை மீண்டும் எழுப்பியது. சாதி நீங்கிய கடவுளும் அவ்விடத்தில் விடை சொல்லியாக வேண்டும். வினைக் கோட்பாட்டைப் பிறப்பளவில் கைவிட்டவர், அலை கொண்ட குழந்தையின் பொருட்டு அதனை மீண்டும் அழைத்தல் முரணாகும்.

மறுப்பாளரின் நிலையும் குறையற்றதன்று. துன்ப வாதம் நீதியற்ற கடவுளை மறுக்கின்றதேயன்றி, எவ்வகைக் கடவுளும் இல்லை என்பதை நிறுவுவதில்லை. மேலும், கடவுளை நீக்கியவுடன் சாதி நீங்கும் என்னும் எதிர்பார்ப்பு மெய்ப்படவில்லை. கடவுளை ஏற்காதார் வீடுகளிலும் மணவுறவு சாதி வரம்பினுள்ளேயே அமைதல் இன்றும் காணக்கூடியதே.

முடிவுரை

கடவுள் மறுப்பு வாதங்களைத் தருக்க வடிவங்களாக மட்டும் தொகுத்தல் போதாது. சித்தியாரில் வலிமை மிக்கதாக நிற்கும் மறுமொழி, நெய்யாற்றின்கரை, பாறசாலைச் சிற்றூர்களில் வலுவிழந்து குற்றச்சாட்டாக மாறியது. அக்குற்றச்சாட்டிலிருந்தே கண்ணாடியும் ஆற்றுக்கல்லும் நாத்திகமும் தனித்தனி விடைகளாகக் கிளைத்தன. இவற்றை ஒரே வினாவின் விடைகளாகக் கொண்டு ஒப்பிடும்பொழுதே தமிழ் நாத்திக வரலாறு சென்னையையும் ஈரோட்டையும் கடந்து விரியும். அருமானூர்ப் பதிகங்கள் சித்தியாரோடும் அகிலத்திரட்டோடும் ஒருசேர வைத்துப் பயிலப்படுதல் அதற்குரிய முதற்பணியாகும்.