‘சுப்கே சுப்கே’: நகைப்பும் மொழித்தூய்மையும்

இலேசான காதல் நகைச்சுவைப் படங்களைப் பற்றிய கருத்துகள் பெரும்பாலும் இரு தொடர்களுள் அடங்கிவிடுகின்றன. ‘குடும்பத்துடன் கண்டு மகிழத்தக்கது’ என்பது பார்வையாளர் கூற்று. ‘தீங்கற்ற பொழுதுபோக்கு’ என்பது திறனாய்வாளர் கூற்று. முன்னது பாராட்டு, பின்னது பாதிப் பாராட்டு. நகைப்பு எதிலிருந்து பிறக்கிறது என்னும் வினாவை இரண்டுமே எழுப்புவதில்லை. ஹிருஷிகேஷ் முகர்ஜியின் இயக்கத்தில் 1975இல் வெளிவந்த ‘சுப்கே சுப்கே’ என்னும் இந்திப் படத்தைச் சான்றாகக் கொண்டு அவ்வினாவை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

உபேந்திரநாத் கங்கோபாத்தியாயின் கதையைத் தழுவிய ‘சத்மபேஷி’ (1971) என்னும் வங்கப் படமே இதன் மூலம். இந்தி வடிவத்திற்கு உரையாடல் எழுதியவர் குல்சார். தாவரவியல் பேராசிரியரான பரிமள் திரிபாதி (தர்மேந்திரா) சுலேகாவை (சர்மிளா தாகூர்) மணக்கிறார். சுலேகாவோ பம்பாயில் வாழும் தன் அக்காள் கணவர் ராகவேந்திராவை (ஓம் பிரகாஷ்) நிகரற்ற அறிவாளியாகப் போற்றுபவள். அவரையும் ஏமாற்ற இயலும் என மெய்ப்பிக்கப் பரிமள், பியாரே மோகன் என்னும் ஓட்டுநராக அவர் வீட்டில் நுழைகிறார். ஆங்கிலத்தை வெறுத்து, வடசொல் செறிந்த ‘சுத்த’ இந்தியில் ஓயாது பேசுபவராக அவர் நடிப்பதே படத்தின் உயிர்நிலை.

அதே 1975இல் வெளிவந்தவை ‘தீவார்’, ‘ஷோலே’ ஆகிய படங்கள். அவ்விரண்டிலும் நடித்த அமிதாப் பச்சன் இப்படத்தில் ஆங்கில இலக்கியப் பேராசிரியர் சுகுமாராக வருகிறார். சண்டை இல்லை, வில்லன் இல்லை, வன்முறை இல்லை என்று இப்படம் பாராட்டப்படுவதற்கு இவ்வொப்பீடும் ஒரு காரணம் எனலாம். எனினும், இல்லாதவற்றைக் கொண்டு ஒரு படைப்பை மதிப்பிட்டால், அதில் உள்ளது கவனிக்கப்படாமற் போகிறது. இப்படத்தில் உள்ளது மொழி பற்றிய ஒரு வழக்கு.

அவ்வழக்கில் இருவேறு கருத்துகளுக்கு இடமுண்டு. இந்தியை நகைப்புக்கிடமாக்கும் படம் என்பது ஒன்று. இந்தியின் வளத்தைக் காட்டும் படம் என்பது மற்றொன்று. இவ்வையம் படத்தினுள்ளேயே எழுப்பப்படுகிறது. மொழி எள்ளலுக்கு அப்பாற்பட்ட பெருமையுடையது, எள்ளப்படுபவர் ஒரு மனிதரே என்னும் விடையும் தரப்படுகிறது. இவ்விடை நயமானது, ஆயின் முழுமையானதன்று. சொற்கள் தம்மளவில் நகைப்பை விளைவிப்பதில்லை. அவற்றைப் பேசுபவரின் தகுதி, பேசும் இடம், கேட்பவர் எதிர்பார்ப்பு ஆகியவற்றுக்கிடையே தோன்றும் முரணே நகைப்பை விளைவிக்கிறது.

அம்முரணுக்கு வரலாற்றுப் பின்னணியும் உண்டு. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 351ஆம் உறுப்பு, இந்தியின் சொல்வளத்திற்கு முதன்மையாக வடமொழியையும் அடுத்த நிலையில் பிற மொழிகளையும் சார்ந்து நிற்குமாறு கூறுகிறது. அலுவலகத்திலும் பாடநூலிலும் பயின்ற நடை அவ்வழிப்பட்டது. திரைப்படமோ உருதுச் சொற்கள் இயல்பாகக் கலந்த இந்துஸ்தானியைப் பேசிவந்தது. ஏட்டு நடை ஓட்டுநர் வாயிலாக வரவேற்பறையில் ஒலிக்கும்போது, ஏட்டுக்கும் வழக்குக்கும் இடையிலுள்ள தொலைவு ஒரு நொடியில் புலனாகிறது. பார்வையாளர் சிரிப்பது அத்தொலைவைக் கண்டே.

நல்ல இந்தி பேசும் ஓட்டுநர் வேண்டும் என்று கேட்டவர் ராகவேந்திராவே என்பது இங்கு நோக்கத்தக்கது. கேட்டது கிடைத்ததும் அதைத் தாங்க அவரால் இயலவில்லை. தம் பேச்சில் ஆங்கிலச் சொல் கலப்பதை ஓட்டுநர் இடித்துரைக்கும்போது அவர் தடுமாறுகிறார். தூய்மையை வேண்டுவோர் அதனைப் பிறரிடமே வேண்டுகின்றனர் என்னும் உண்மை இதனால் வெளிப்படுகிறது. ஆங்கிலமும் தப்புவதில்லை. ஒரே உயிரெழுத்து சொல்லுக்குச் சொல் வேறுபட ஒலிப்பது ஏன் என்னும் பியாரே மோகனின் வினாவுக்கு முன் அம்மொழியின் எழுத்துமுறையும் நகைப்புக்கு உள்ளாகிறது. இந்நடுநிலையே படத்தின் தலைசிறந்த பண்பு.

ஆயினும் ‘தீங்கற்றது’ என்னும் சான்றிதழை முழுமையாக வழங்க இயலவில்லை. ராகவேந்திரா புதிய ஓட்டுநரைத் தேடக் காரணம், ஏற்கெனவே உள்ள ஜேம்ஸ் டிகோஸ்டாவின் (கேஷ்டோ முகர்ஜி) இலக்கணம் வழுவிய இந்தி. பல மொழியினர் கூடி வாழும் பம்பாயில் அத்தகைய கலப்பு இந்தி பிழைப்புக்குரிய பொதுமொழி. ஆனால் அதன் சார்பில் வாதிட ஒருவரும் இல்லை. பியாரே மோகன் முதலாளியை எதிர்த்துப் பேசலாம். அவர் உண்மையில் பேராசிரியர், வேடம் கலைந்தால் வீட்டு மருமகன். ஜேம்ஸ் டிகோஸ்டாவுக்குக் கலைப்பதற்கு வேடம் இல்லை. அவ்வுரிமை பேராசிரியரின் மறைந்த தகுதியால் வந்ததேயன்றி ஓட்டுநரின் தொழிலால் வந்ததன்று. நாம் மனமாரச் சிரிக்க இயல்வதும் இம்மறைவை முன்பே அறிந்திருப்பதனாலேயே.

இக்குறை சுட்டப்படுவதால் படத்தின் இன்பம் குன்றிவிடாது. குல்சாரின் உரையாடலும் ஓம் பிரகாஷின் பொறுமையிழக்கும் முகமும் மீண்டும் மீண்டும் காணத்தக்கவை. பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் பெரிதும் வேறுபட்டு நிற்கும் தமிழிலும், அன்றாடச் சூழலில் ஒருவர் செந்தமிழில் பேசினால் சிரிப்பு எழுவது நாம் அறிந்ததே. அச்சிரிப்பில் மொழி எவ்வளவு, பேசுபவர் எவ்வளவு என்று பிரித்தறிவது திறனாய்வின் கடமை. ‘இலேசான படம்’ என்று ஒதுக்கும் திறனாய்வு அக்கடமையினின்று தவறுகிறது. பார்வையாளரின் சிரிப்பு அதனினும் கூர்மையானது. எங்கு முரண் உள்ளது என்பதை அது சரியாகவே காட்டிவிடுகிறது. அம்முரணால் இழப்பவர் யார் என்று காட்டுவதே திறனாய்வாளருக்கு எஞ்சிய பணி.