சிறை வாயிலுக்கு அப்பால்

குற்றஞ் செய்தவனைப் பற்றி எழுந்த இலக்கியங்களிற் பெரும்பாலானவை நீதிமன்றத்தில் உச்சநிலையை எய்திச் சிறைவாயிலில் முடிவடைந்துவிடுகின்றன. தீர்ப்புக் கூறப்பட்டதும் திரை விழுகிறது. அதன் பின்னர் அம்மனிதன் எங்கே உண்டான், எங்கே உறங்கினான், யார் அவனுக்கு வேலை கொடுத்தார் என்னும் வினாக்களை எழுப்பிய எழுத்தாளர் மிகச் சிலரே. ஆயினும் அச்சிலர் கண்டு கூறிய உண்மை பெரிது. குற்றவாளியைத் திருத்துவது சிறையா, சமுதாயமா என்று சட்ட வல்லுநர் இன்று நடத்தும் விவாதத்துக்கு வேண்டிய விடையின் பாதியை அவர்கள் முன்னரே எழுதி வைத்திருக்கிறார்கள்.

'சமுதாயஞ்சார் சீர்திருத்தம்' என்ற தொடர் நமது நாட்டு நீதிமன்றங்களிலும் இன்று வழங்குகிறது. குற்றவாளியைச் சிறையில் அடைக்காது அவன் வாழும் ஊரிலேயே வைத்து மேற்பார்வை செய்தலும், ஊதியமின்றிப் பொதுவேலை செய்வித்தலும் அதன் முக்கிய வழிகள். முன்பு தூக்குமரம், பின்பு சிறை, இப்போது சமுதாயம் என்று, கருணையின் இடையறாத வளர்ச்சியாகவே இவ்வரலாறு நமக்குக் கூறப்படுகிறது. உண்மையில் அது இவ்வளவு நேரான கோடாக வளர்ந்ததா? இம்முறை பெரிதும் உருப்பெற்ற ஆங்கில நாட்டின் வரலாற்றை, அங்கும் அண்டை நாடான பிரான்சிலும் எழுந்த மூன்று படைப்புக்களோடு வைத்து நோக்குவோம்.

விக்டர் ஹியூகோவின் 'லே மிசராப்ள்' 1862இல் வெளிவந்தது. சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' எனத் தமிழாக்கியமையாலும், 1950இல் அது திரைப்படமாக வந்தமையாலும் நம்மவர் நன்கறிந்த கதை அது. ரொட்டித் திருட்டிற் தொடங்கிப் பத்தொன்பது ஆண்டுகளைச் சிறையிற் கழித்த ஜீன் வால்ஜீன் விடுதலையாகும்போது மஞ்சள் நிறக் கடவுச்சீட்டு ஒன்று அவன் கையிற் கொடுக்கப்படுகிறது. சென்ற ஊரில் அதைக் காட்ட வேண்டும். காட்டினால் விடுதியில் உணவில்லை, படுக்கையில்லை. அவன் கையிற் காசு இருந்தும் உணவு மறுக்கப்படுகிறது என்பது மனங்கொளத்தக்கது. சிறையின் சுவர் மடிந்து ஒரு தாளாகி அவனது சட்டைப்பையில் அமர்ந்துகொள்கிறது. இச்சிக்கலுக்கு ஹியூகோ காட்டும் தீர்வு ஒரு மேற்றிராணியாரின் பெருந்தன்மை. ஆனால் ஊருக்கொரு மேற்றிராணியார் அத்தகையவராய்க் கிடைப்பாரா? ஹியூகோ நோயைச் சமுதாயத்திற் கண்டார். மருந்தைத் தனிமனிதனின் இதயத்திற் தேடினார்.

ஆங்கில நாட்டிலும் அதே தாள் வேறு பெயரில் இருந்தது. அவுஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட கைதிகளுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே நிபந்தனை விடுதலைச் சீட்டு வழங்கப்பட்டு வந்தது. தண்டனைக் காலம் முடியுமுன்னரே தம் உழைப்பை விற்றுப் பிழைக்க அது அவர்களை அனுமதித்தது. குடியேற்ற நாட்டுக்கு வேலையாட்கள் தேவைப்பட்டனர் என்பதையும், கைதிக்கு உணவளிக்கும் செலவு இதனால் அரசுக்குக் குறைந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. கருணைக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் உள்ள உறவு அன்றே தொடங்கிவிட்டது. 1853ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை ஆங்கில நாட்டுக்குள்ளேயே கொண்டுவந்தது. 1864ஆம் ஆண்டுச் சட்டமோ, சீட்டுப் பெற்றவன் மாதந்தோறும் பொலிஸாரிடம் சென்று தன்னைக் காட்ட வேண்டுமென விதித்தது.

இவ்விரண்டு சட்டங்களுக்கும் இடையில், 1863இல், டொம் டெய்லர் எழுதிய நாடகம் ஒன்று இலண்டன் ஒலிம்பிக் அரங்கில் மேடையேறிப் பெரும் புகழ் பெற்றது. நாடகத்தின் பெயரே 'விடுதலைச் சீட்டுக்காரன்' என்பதுதான். கள்ளநோட்டு மாற்றியதாகச் சிறை சென்று மீண்ட பொப் பிரையர்லி ஒரு காரியாலயத்தில் வேலை தேடிக்கொள்கிறான். அவனது பழைய கதை வெளிப்பட்டதும் வேலை பறிபோகிறது. இதுவரை நாடகம் உண்மையின் பக்கமே நிற்கிறது. ஆனால் அவனை நாடகாசிரியர் எவ்வாறு மீட்கிறார் என்பதைப் பாருங்கள். முதலாவதாக, அவன் குற்றமே செய்யாதவன், வஞ்சகரால் ஏமாற்றப்பட்டவன். இரண்டாவதாக, தன்னை வேலைக்கு வைத்திருந்த அதே காரியாலயத்தைக் கொள்ளையிட வந்தோரைத் தடுத்துக் காட்டிக்கொடுக்கிறான். குற்றமற்றவனாகவும் சொத்துடையோரின் காவலனாகவும் நிரூபித்தாற்றான் ஒருவனுக்கு மீட்சியுண்டு என்பதே இதன் உட்பொருள். உண்மையாகவே குற்றஞ் செய்தவனுக்கு இந்நாடகத்தில் இடமில்லை.

அந்த இடத்தை முதன்முதலில் அளித்தோர் சட்ட நிபுணர் அல்லர்; சாதாரண தொழில் செய்தோர். 1841இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஜோன் ஒகஸ்டஸ் என்ற சப்பாத்துத் தைப்பவர், குடிபோதைக்காக நீதிமன்றம் கொண்டுவரப்பட்ட ஒருவனுக்குத் தாமே பிணை நின்றார். சில வாரங்களின் பின் அம்மனிதன் தெளிந்தவனாக மன்றில் வந்து நின்றான். 1859இல் இறக்கும்வரை ஒகஸ்டஸ் ஏறத்தாழ ஈராயிரம் பேருக்குப் பிணை நின்றார். அவர் பிணை மட்டும் நிற்கவில்லை; தங்க இடமும் செய்ய வேலையும் தேடிக்கொடுத்தார். ஆங்கில நாட்டில் 1876ஆம் ஆண்டு, பிரெடரிக் றெயினர் என்ற அச்சுத் தொழில் செய்பவர், நீதிமன்றத்தில் மாட்டிக்கொள்ளும் குடிகாரருக்கு உதவுமாறு வேண்டி, ஐந்து சிலின் பணத்தோடு ஒரு மதுவிலக்குச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். அதிலிருந்து நீதிமன்ற ஊழியர் பணி தோன்றி, 1907ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டமாக முதிர்ந்தது. மேற்பார்வை செய்பவன் குற்றவாளிக்கு அறிவுரை கூற வேண்டும், உதவ வேண்டும், நண்பனாக இருக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. நட்பைக் கடமையாக்கிய சட்டம் உலகில் அரிது. இத்தொண்டர்களிடம் குறையே இல்லை என்பதல்ல. திருந்தக்கூடியவன், திருந்தாதவன் என்று ஏழைகளை வகுக்கும் மனப்பாங்கு அவர்களிடமும் இருந்தது. எனினும், குற்றவாளியின் பக்கத்தில் வந்து நிற்பதே அவர்களது முதற் செயலாக இருந்தது.

சட்டம் பிறந்து மூன்றாண்டுகள் கழிந்து, 1910 பெப்ரவரியில், ஜோன் கால்ஸ்வேர்தியின் 'நீதி' நாடகம் மேடையேறியது. நமது ஆய்வுக்கு மிக முக்கியமானது இதுவே. வழக்கறிஞர் காரியாலயமொன்றில் எழுதுவினைஞனாக இருக்கும் போல்டர் என்ற இளைஞன், கொடிய கணவனிடம் சித்திரவதைப்படும் ரூத் என்பவளை மீட்டு வேறு நாடு செல்ல எண்ணி, ஒன்பது பவுண் காசோலையைத் தொண்ணூறு பவுணாகத் திருத்துகிறான். அகப்படுகிறான். இவன் பிரையர்லி அல்லன், குற்றம் உண்மை. அவனுக்காக வாதாடும் வழக்கறிஞர், சிறை இவனை அழித்துவிடும் என மன்றாடுகிறார். நீதிபதி மூன்றாண்டுக் கடூழியச் சிறை விதிக்கிறார். 1907ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குள் நடைமுறைக்கு வந்துவிட்டது என்பதை நினைவிற் கொண்டு இக்காட்சியைப் படிக்க வேண்டும். சட்டப் புத்தகத்தில் ஒரு கதவு திறந்திருந்தது. நீதிபதியின் மனத்தில் அது மூடியிருந்தது. சொத்துக்கு எதிரான குற்றம் வந்தவுடன் கருணைச் சட்டங்கள் எவ்வளவு எளிதில் மறக்கப்படுகின்றன!

தனிச்சிறையில் போல்டர் படும் வேதனையை ஒரு சொல்லும் இன்றிக் காட்டும் காட்சி புகழ் பெற்றது. அன்றைய உள்நாட்டு அமைச்சர் வின்ஸ்டன் சேர்ச்சில் நாடகத்தைப் பார்த்தார். அவர் காலத்தில் தனிச்சிறைக் காலம் குறைக்கப்பட்டது. கலை சமுதாயத்தை மாற்றாது என்போருக்கு இது தக்க பதில். ஆனால் அமைச்சர் கண்டது மூன்றாம் அங்கத்தை. நான்காம் அங்கத்தை அவர் கண்டும் காணாதவரானார் என்றே தோன்றுகிறது. அந்த அங்கத்தில் போல்டர் விடுதலைச் சீட்டோடு வெளியே நிற்கிறான். கிடைத்த வேலை, பழைய கதை தெரிந்ததும் போய்விடுகிறது. வேறு வேலைக்காகப் பொய்ச் சான்றிதழ் காட்டுகிறான். பொலிஸாரிடம் தன்னைக் காட்டத் தவறுகிறான். பழைய முதலாளி அவனை மீண்டும் ஏற்க இணங்குகிறார். ஆனால் ரூத்தைக் கைவிட வேண்டும் என்பது நிபந்தனை. அந்த ரூத்தோ, சட்டை தைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்ற முடியாமல், தன்னை வேலைக்கு வைத்தவனுக்கே இணங்க நேர்ந்தவள். பொலிஸார் மீண்டும் கைது செய்யும்போது போல்டர் மாடிப்படியிலிருந்து குதித்து உயிர் விடுகிறான்.

போல்டரைக் கொன்றது எது? நாடகத்திற் கொடியவர் எவருமில்லை. முதலாளி பண்பாளர்; நீதிபதி கடமை தவறாதவர்; பொலிஸ்காரனும் சட்டப்படியே நடக்கிறான். நீதி ஒரு பொறி, அதனிடையே அகப்பட்டவன் நசுங்குகிறான் என்று கால்ஸ்வேர்தி காட்டுகிறார். இதுவே அவரது பலமும் பலவீனமும் ஆகும். பொறியைக் காட்டியவர், அப்பொறி யாருக்காகச் சுழல்கிறது என்று கேட்கவில்லை. ஆயினும் அவரது யதார்த்த நோக்கு அவரது தத்துவத்தை மீறி நிற்கிறது. தையற்காரியின் கூலியையும் சீட்டுக்காரனின் வேலையின்மையையும் ஒரே அங்கத்தில் அவர் இணைத்துவிட்டார். சிறைக்கு வெளியே மனிதனைத் திருத்துவதும் கெடுப்பதும் வேலையும் கூலியுமே என்ற உண்மை, அவர் சொல்லாமலே நாடகத்தில் நிறைந்து நிற்கிறது.

பின்வந்த வரலாறு இவ்வுண்மையைக் கற்றதா? 1972ஆம் ஆண்டுச் சட்டம், சிறைக்குப் பதிலாக 240 மணித்தியாலம் வரை ஊதியமற்ற பொதுவேலை விதிக்க ஆங்கில நீதிமன்றங்களுக்கு அதிகாரம் அளித்தது. குற்றவாளியும் சமுதாயத்துக்குப் பயன்படக்கூடியவன் என்ற நல்ல எண்ணம் அதன் பின்னணியில் இருந்தது. ஆனால் 1991இல், அதுவரை தண்டனைக்குப் பதிலாக இருந்த நன்னடத்தைக் கட்டளையே ஒரு தண்டனையாக மாற்றப்பட்டது. 2008இன் இறுதியில், பொதுவேலை செய்வோர் தாம் யாரென்று எழுதப்பட்ட செம்மஞ்சள் மேற்சட்டை அணிந்து வீதியில் நிற்கவேண்டியதாயிற்று. வால்ஜீனின் மஞ்சட் சீட்டைக் கேட்டவர்களுக்கு மட்டுமே காட்ட வேண்டியிருந்தது. செம்மஞ்சட் சட்டையையோ கேளாதவரும் காண்கின்றனர்.

இதனிடையே, 1983இல் அமெரிக்காவின் நியூ மெக்ஸிக்கோவில் நீதிபதியொருவர் தொடக்கிவைத்த மின்னணுக் காற்பட்டி ஆங்கில நாட்டுக்கும் வந்தது. அதனைப் பூட்டிக் கண்காணிக்கும் வேலை தனியார் கம்பனிகளிடம் விடப்பட்டது. இறந்துபோனவர்களையும் மீண்டும் சிறைக்குள் அடைக்கப்பட்டவர்களையும் கண்காணித்ததாகக் கணக்குக் காட்டி ஜீ4எஸ், சேர்கோ என்னும் இரு கம்பனிகள் அரசிடம் பணம் பெற்றிருந்தமை 2013இல் அம்பலமாயிற்று. இறந்த பண்ணையடிமைகளின் பெயர்ப்பட்டியலை விலைக்கு வாங்கித் திரிந்த ஒருவனைப் பற்றி ருசிய எழுத்தாளர் கோகல் 1842இலேயே நாவல் எழுதினார். நகைச்சுவைக்காக அவர் கற்பனை செய்ததை இலாபவேட்டை மெய்யாக்கிக் காட்டியது. அதன் பின்னரும் பாடம் கற்கப்படவில்லை. 2014இல் நன்னடத்தைச் சேவையின் பெரும்பகுதி 21 கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆறு வாரத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பே சில இடங்களில் மேற்பார்வையாகியது. நட்பைக் கடமையாக்கிய நாட்டில் நட்பு இந்நிலையை எய்தியது! ஏழாண்டுகளின் பின், 2021இல், அரசே சேவையை மீளப் பொறுப்பேற்க நேர்ந்தது.

நமது இலக்கியத்தில் இதற்கு ஏதேனும் ஒளியுண்டா? மணிமேகலைக் காப்பியத்தில் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய காதை ஒன்றுண்டு. அமுதசுரபியோடு சிறையினுள் சென்று பசித்தோருக்கு உணவளிக்கும் மணிமேகலை, சோழ மன்னன் வரம் யாதெனக் கேட்டபோது, அச்சிறையையே அறச்சாலையாக்குமாறு வேண்டுகிறாள். இதனைச் சமய அற்புதமாக மட்டும் வகுப்பறையிற் கற்பிப்பது சாத்தனாருக்குச் செய்யும் குறை. அமுதசுரபி முன்னே செல்ல, சிறைக்கதவு பின்னே திறக்கிறது. உணவுக்கும் சிறைக்கும் உள்ள தொடர்பை அப்பெரும்புலவர் தமது காலத்து மொழியிற் கூறிவைத்தார். அட்சய பாத்திரத்தை நம்பியிருக்க இயலாத நமக்கு, அப்பாத்திரத்தின் இடத்தில் வேலையும் நியாயமான கூலியும் இருத்தல் வேண்டும்.

நமது நாட்டுக்கு நன்னடத்தைச் சட்டம் குடியேற்ற ஆட்சிக் காலத்தில், 1944இல் வந்தது. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் சமுதாயஞ்சார் சீர்திருத்தத்துக்கெனத் தனி ஏற்பாடுகளைச் செய்தது. ஆயினும் தண்டனை பெற்று நமது சிறைகளுக்குச் செல்வோரில் பெரும் பங்கினர், தண்டப்பணம் கட்ட வழியற்றமையாலேயே செல்கின்றனர். ஒரே குற்றத்துக்குப் பணமுள்ளவன் காசாளரிடம் போகிறான்; இல்லாதவன் மறியலுக்குப் போகிறான். சிறைக்கு மாற்றுவழி மிகவும் வேண்டப்படுவது இவர்களுக்கே. ஆனால் கூலியை நம்பி வாழும் ஒருவனைச் சம்பளமில்லாத பொதுவேலைக்கு அனுப்புகையில், அன்று அவன் வீட்டில் உலை எவ்வாறு கொதிக்கும் என்ற வினாவுக்கும் அத்தீர்ப்பிலேயே விடை இருத்தல் வேண்டும்.

நாம் சிறையை விரும்புவோர் அல்லர். குறைபாடுடைய மாற்றுவழியும் கூட்டத்தால் நிரம்பி வழியும் சிறைக்கூடத்திலும் மேலானதே. ஆனால் சுவரை இடித்துவிட்டோம் என்று மகிழ்வதற்குமுன், அந்தச் சுவர் சீட்டாகவோ சட்டையாகவோ காற்பட்டியாகவோ மனிதனோடு நடந்து செல்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு சீர்திருத்தத் திட்டம் எத்தனை பேரைக் கண்காணிக்கிறது என்பது அதன் அளவுகோலன்று. எத்தனை பேருக்கு வேலையும் தொழிற்பயிற்சியும் அளித்தது, எத்தனை முதலாளிகளின் கதவைத் திறந்தது என்பதே அளவுகோல். ஆசிரியர்களாகிய நமக்கும் மாணவர்களுக்கும் இதில் ஒரு பங்குண்டு. சிறை சென்று மீண்டவனின் பிள்ளை நமது வகுப்பில் எந்த வாங்கில் அமர்த்தப்படுகிறது? நன்னடத்தைக் கட்டளை பெற்ற சிறுவன் மீண்டும் பாடசாலைக்கு வரும்போது அவன் பெயரை நாம் எந்தக் குரலில் அழைக்கிறோம்? போல்டருக்குக் கிடைக்காத நான்காம் அங்கத்தை எழுதும் பொறுப்பு நாடகாசிரியனுக்கு மட்டும் உரியதன்று.