வினையும் வினைசெய்வானும்

திருக்குறள் விழா மேடைகளில் அடிக்கடி கேட்கப்படும் பேச்சொன்று உண்டு. ஊழியரைத் தேர்ந்தெடுத்தல், பணியை ஒப்படைத்தல், செய்த பணியை மதிப்பிடுதல் ஆகியவைபற்றி மேலைநாட்டு நிர்வாகவியலார் எழுதிக் குவித்துள்ள யாவற்றையும் வள்ளுவர் இருபது குறட்பாக்களில் அடக்கிவிட்டார் என்பதே அது. கைதட்டல் பெறுதற்கு அது போதும். ஆனால், அவ்விருபதனையும் வரிசையாக எடுத்து, எந்தக் குறள் எதனை அளக்கச் சொல்கிறது என்று கேட்டுப் பார்ப்பவர் அரியர். கேட்டுப் பார்த்தால், வள்ளுவருக்குச் சேரவேண்டிய பெருமை வேறோரிடத்தில் இருப்பது புலப்படும்.

பொருட்பாலின் அரசியற் பகுதியில் 51ஆவது அதிகாரம் தெரிந்து தெளிதல். 52ஆவது தெரிந்து வினையாடல். முன்னது ஆளைத் தெரிந்து நம்புவது பற்றியது. பின்னது, நம்பியவனை வினையில் வைத்து ஆள்வது பற்றியது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுவதுதான் மேடைப் பேச்சின் முதற் பிழை.

முன்னதன் முதற் குறள், அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கு வகையாலும் ஒருவனை ஆராயச் சொல்கிறது. பரிமேலழகர் இதற்கு வடநூலார் கூறும் உபதைகளைக் கொண்டு விரிவாக உரை வகுத்தார். வேண்டியவர்களை ஏவி, அரசனுக்கு மாறான சூழ்ச்சிக்கு அழைப்பதுபோல நடிக்கச் செய்து, ஒருவன் அதற்கு இணங்குகிறானா என்று பார்ப்பது அம்முறை. அரசனுடைய உயிரும் நாடும் ஒருவன் கையில் ஒப்படைக்கப்படும் இடத்தில் இது வேண்டியிருந்திருக்கலாம். ஆயினும் இது வினைத்திறனை அளப்பதன்று, பற்றுறுதியை அளப்பது. நான்கிலும் தேறிய ஒருவன் கணக்கு எழுதத் தெரியாதவனாக இருக்கக்கூடும். இந்தக் குறளைக் கொண்டுவந்து ஊழியர் மதிப்பீட்டின் வாயிலில் நிறுத்துவது பொருந்தாது.

பொருந்துவது சற்றுத் தள்ளி வருகிறது. நான்காம் குறள், ஒருவனுடைய குணத்தையும் குற்றத்தையும் தனித்தனி ஆராய்ந்து, எது மிகுதியோ அதனைக் கொண்டு முடிவு செய்யச் சொல்கிறது. ஐந்தாம் குறள், ஒருவனுடைய பெருமைக்கும் சிறுமைக்கும் அவனவன் செயலே கட்டளைக்கல் என்கிறது. அடுத்தடுத்து நிற்கும் இவ்விரு குறள்களிலும் வள்ளுவர் இரு வேறு கருவிகளை எடுக்கிறார். மிகுதி பார்ப்பது தராசின் வேலை. கட்டளைக்கல்லோ எடையைக் காட்டாது. பொற்கொல்லர் பொன்னைக் கல்லில் உரைத்து, அந்தக் கீற்றை மாற்றறிந்த பொன்னின் கீற்றோடு ஒப்பிட்டுத் தரத்தைச் சொல்வார். ஒரு குன்றிமணிப் பொன்னும் ஒரு பாளம் பொன்னும் அந்தக் கல்லுக்கு ஒன்றே. செயலுக்கு உவமை தேடியபோது வள்ளுவர் தராசைக் கூறாமல் உரைகல்லைக் கூறினார் என்பது கருதத்தக்கது.

இதன் ஆழம் ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு எளிதில் விளங்கும். பால் வெட்டுவோர் தத்தம் நிரைகளை வெட்டி முடித்து, மங்குகளிலிருந்து பாலைச் சேர்த்து, வாளிகளோடு ஸ்டோருக்கு வருவர். அங்கே தராசு இருக்கும். பாலில் எவ்வளவு ரப்பர் உண்டு, எவ்வளவு நீர் என்று காட்டும் மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியும் இருக்கும். கிராணியார் எழுதும் இலக்கந்தான் அந்த நாளின் உழைப்புக்குச் சான்று. கருவியில் பிழையில்லை, எழுதியவர்மேலும் பிழையில்லை. ஆனால், அந்த இலக்கம் யாருடையது? மரத்தின் வயது, அதன் இனம், மேட்டு நிலமா பள்ளமா என்பது, முன்னிரவில் பெய்த மழை, இலையுதிர் காலம், இவையெல்லாம் சேர்ந்து எழுதிய இலக்கம் அது. ஆண்டின் தொடக்கத்தில் இலையுதிர்ந்து பால் வற்றும் வாரங்களில் எவ்வளவு திறமையாளர் வெட்டினாலும் வாளி நிறைவதில்லை.

அதனினும் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. பட்டையை ஆழமாக வெட்டினால் இன்று பால் கூடும். உளி பட்டையைக் கடந்து உள்ளிருக்கும் வளர்படையைத் தொட்டுவிட்டால், அந்தக் காயத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக எழும்பும். பல ஆண்டுகள் கழித்து மீண்டும் அதே பக்கத்தை வெட்ட வரும்போது உளி ஓடாது. ஒரு வெட்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் பட்டை சீவினால் போதும். கனமாகச் சீவுபவர் மரத்தின் ஆயுளைச் சீவுகிறார். தராசின்முன் இவர் முதல்வர். காயம் படாமல், சரிவு பிறழாமல் வெட்டியவர் இரண்டாமவர். நிரைக்குள் நடந்து சென்று பட்டையைத் தடவிப் பார்க்கும் கங்காணியின் விரலுக்கே உண்மை தெரியும். அந்த விரல்தான் கட்டளைக்கல்.

பள்ளிகளும் தராசுக்குத் தப்பவில்லை. இங்கிலாந்தில் இராபர்ட் லோ என்பார் 1862இல் கொண்டுவந்த திருத்த விதிகளின்படி, மாணவர் வருகையையும், எழுத்து, வாசிப்பு, எண் ஆகிய மூன்றிலும் அவர்கள் பெறும் தேர்ச்சியையும் எண்ணியே பள்ளிக்கு மானியம் அளக்கப்பட்டது. மூன்றிலும் தேறும் மாணவன் ஒருவனுக்கு எட்டு ஷில்லிங். ஒன்றில் தவறினால் இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்னி குறையும். விளைவு என்ன? பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை மனப்பாடம் செய்தனர். கல்வி ஆய்வாளராகப் பணியாற்றிய கவிஞர் மாத்யூ ஆர்னல்டு தொடக்கத்திலேயே இதனை எதிர்த்து எழுதினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்து, 1890களில்தான் அம்முறை ஒழிந்தது. மலேசியாவில் 1988 முதல் நடைபெற்று 2021இல் நீக்கப்பட்ட யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக்குப் பண மானியம் இல்லை. ஆனால் எல்லாப் பாடத்திலும் ‘ஏ’ பெற்ற பிள்ளைகளின் தொகையே தமிழ்ப்பள்ளியின் பெயராகவும் ஆசிரியரின் பெயராகவும் பேசப்பட்ட காலத்தை ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எழுத்தறியாமல் வந்து எழுதப் படித்துச் சென்ற பிள்ளை அந்தத் தொகையில் சேரவில்லை.

மேலைநாட்டு நிர்வாகவியலும் நெடுநாள் தராசையே தெய்வமாகக் கொண்டது. டெய்லர் 1911இல் வெளியிட்ட நூலில், இரும்புப் பாளம் சுமக்கும் ஒருவனைக் கடிகாரமும் கையுமாக நடத்தி, நாளொன்றுக்கு 12½ டன்னிலிருந்து 47½ டன்னுக்கு உயர்த்தியதாகவும், அவன் கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்ததாகவும் எழுதினார். சுமை ஏறத்தாழ நான்கு மடங்கு. கூலி இரண்டு மடங்கும் இல்லை. அக்கதை நடந்தவாறே எழுதப்பட்டதா என்று பிற்கால ஆராய்ச்சியாளர் ஐயுற்றனர் என்பது வேறு. அமெரிக்க உளவியலார் ஜான் காம்பெல் 1990 அளவில் வகுத்த கொள்கையிலேதான், வினைத்திறன் என்பது ஊழியர் செய்யும் செயலே, அதனால் விளையும் பயன் அன்று. பயனில் பிறவற்றின் கையும் கலந்திருக்கும் என்பது தெளிவாகப் பிரித்துரைக்கப்பட்டது. உரைகல்லை எடுத்த குறளுக்கு இக்கொள்கை உறவு என்னலாம். அவ்வளவே. வள்ளுவர் இதனை வகுத்துவிட்டார் என்று சொன்னால், செயலை எங்ஙனம் கூறு கூறாக்கி அளப்பது என்பதற்கு அவரிடம் விடை கேட்க வேண்டிவரும். அது அங்கு இல்லை.

இனிப் பின்னதிகாரத்தின் நான்காம் குறளுக்கு வருவோமாயின், அங்கே உரையாசிரியரோடு ஒரு வழக்குண்டு. எல்லா வகையாலும் ஆராய்ந்து தெளிந்த பின்பும், வினையின் வகையால் வேறுபடுகின்ற மாந்தர் பலர் என்பது அதன் கருத்து. பரிமேலழகர் கட்டியங்காரனை எடுத்துக் காட்டுகிறார். சச்சந்தன் நம்பி நாட்டை ஒப்படைக்க, அந்த அமைச்சன் அரச இன்பத்தை விரும்பி அவனையே கொன்றான் என்பது சிந்தாமணிக் கதை. பதவி வந்ததும் ஆள் மாறுவான் என்பது இவ்வுரையின் சாரம். நல்ல உரைதான், பதவி மாற்றிய ஆட்களை எல்லாரும் கண்டிருக்கிறார்கள்.

ஆயினும், அடுத்து நிற்கும் குறள்கள் வேறொரு பொருளையும் தாங்குகின்றன. ஐந்தாவது, வினையை அறிந்து, இடையூறு தாங்கிச் செய்து முடிப்பவனிடம் விடுக. இவன் நமக்கு அன்பன் என்று விடாதே என்கிறது. ஆறாவது, செய்பவன், செய்யும் வினை, அதற்கேற்ற காலம் மூன்றையும் எண்ணச் சொல்கிறது. இச்சூழலில் வைத்து நோக்கினால், ஒரு வினையில் சிறந்தவன் மற்றொரு வினையில் சிறவான் என்ற பொருளே இயல்பாக எழுகின்றது. நல்ல வெட்டுக்காரர் நல்ல கங்காணி ஆகாமற் போவதும், வகுப்பறையில் ஒளிர்ந்த ஆசிரியர் தலைமை நாற்காலியில் மங்குவதும் கெட்ட எண்ணத்தால் அல்ல. கட்டியங்காரனாகக் கருதிவிட்டால், அவரைத் தண்டிக்கத் தோன்றும்; வினை பொருந்தவில்லை என்று கண்டால், வேறு வினையில் வைக்கத் தோன்றும். ஓர் உரைக்கும் மற்றோர் உரைக்கும் இடையில் ஒருவருடைய பிழைப்பே நிற்கிறது.

அன்பு பற்றிய எச்சரிக்கையும் சிறிதன்று. ஆசிரியப் பயிற்சி பெற்றோர் நன்கறிந்த தார்ண்டைக் 1920இல் காட்டிய உண்மை இதனோடு ஒத்து நிற்பது. படை அதிகாரிகள் தம்கீழ் உள்ளோரின் உடற்கட்டு, அறிவு, தலைமை, பண்பு ஆகியவற்றைத் தனித்தனியே மதிப்பிட்டபோது, ஒன்றில் உயர்த்தியவரை எல்லாவற்றிலும் உயர்த்தியிருந்தனர். ஒரு குணத்தின் ஒளி மற்றவற்றின்மேல் படிந்துவிட்டது. குணமும் குற்றமும் தனித்தனி நாடுக என்ற பழைய கட்டளை, அது எவ்வளவு அரிய காரியம் என்பதையும் அறிந்தே சொல்லப்பட்டது போலும்.

முடிக்குமுன் ஒரு முரணைத் தொட வேண்டும். தெரிந்து தெளிதலின் இறுதிக் குறள், ஒருவனை நம்பிய பின் அவன்மேல் ஐயங்கொள்வது தீராத துன்பம் என்கிறது. தெரிந்து வினையாடலின் இறுதிக் குறளோ, வினைசெய்பவனை மன்னன் நாள்தோறும் ஆராயவேண்டும், அவன் கோணாவிடின் உலகும் கோணாது என்கிறது. நம்பியவனை ஐயுறவும் கூடாது. நாள்தோறும் ஆராயவும் வேண்டும். இரண்டும் எங்ஙனம் இயையும்? இடையில் நிற்கும் இரண்டு குறள்கள் வழி காட்டுகின்றன: இவ்வினையை இக்கருவியால் இவன் முடிப்பான் என்று கண்டால் அதனை அவனிடமே விட்டுவிடுக, அவனை அதற்கு உரியவனாகவும் ஆக்குக. விட்டுவிட்டவனை ஒற்றுப் பார்ப்பது ஐயம். வினைக்கு உரியவனாக ஆக்கும் பொருட்டு அருகிருந்து பார்ப்பது ஆராய்ச்சி. மாதத்திற்கு ஒருமுறை ஸ்டோரில் அமர்ந்து குறைந்த இலக்கங்களின்கீழ்ச் சிவப்புக் கோடிடும் துரைக்கும், விடியற்காலையில் நிரைக்குள் வந்து புதிதாகச் சேர்ந்தவரின் உளிப்பிடியைத் திருத்திவிட்டுப் போகும் கங்காணிக்கும் உள்ள வேறுபாடு அது.