குழாய் வைத்த பிரிட்ஜ்: பல்லடத்தில் செல்லுமா?

பழசான பிரிட்ஜுக்குப் பல்லடம் பக்கத்தில் போக்கிடம் பல உண்டு. புதியது வாங்கும்போது எக்ஸ்சேஞ்சில் போகும். இல்லையென்றால் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போகும். குளிர்ச்சி செத்த பெட்டிக்குள் பல்பும் தெர்மோஸ்டாட்டும் மாட்டி நாட்டுக்கோழி முட்டை பொரிக்க வைப்பவர்களும் இருக்கிறார்கள். கறிக்கோழிக்குப் பேர்போன வட்டாரத்தில் அதில் வியப்பில்லை. அமெரிக்காவில் இதே பெட்டிக்கு வேறொரு மறுவாழ்வு உண்டு. கதவில் ஓட்டை போட்டுக் குழாய் மாட்டி, உள்ளே உருளை வைத்து, வீட்டில் காய்ச்சிய பீரைத் திறந்த மாத்திரத்தில் நுரையோடு பிடித்துக் குடிக்கிறார்கள். வீடியோக்கள் வழியே இந்த யோசனை நம் ஊர் இளைஞர்களையும் எட்டிவிட்டது. இது இங்கே செல்லுமா என்பதை இயந்திரம், வெயில், வாயு, சட்டம் என்ற நான்கு உரைகல்லில் உரசிப் பார்க்கலாம்.

முதலில் இது பிறந்த கதை. அமெரிக்காவில் வீட்டு நுகர்வுக்கு பீர் காய்ச்சுவதை வரியிலிருந்து விடுவித்த சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கேலன், அதாவது சுமார் 757 லிட்டர் வரை. விற்கக் கூடாது, சாராயம் வடிக்கக் கூடாது. பின்னாளில் குளிர்பான நிறுவனங்கள் சர்க்கரைப் பாகு அனுப்பப் பயன்படுத்திய 19 லிட்டர் எவர்சில்வர் உருளைகளைக் கைவிட்டு, அட்டைப்பெட்டிக்குள் பை வைக்கும் முறைக்கு மாறின. கழித்துக் கட்டிய உருளையும் கழித்துக் கட்டிய பிரிட்ஜும் ஒன்று சேர்ந்ததில் இந்தக் கருவி உருவானது. அளவான உரிமை, மலிவான உருளை, காலியான பெட்டி ஆகிய மூன்றும் அங்கே ஒரே சமயத்தில் கிடைத்தன. இங்கே எத்தனை கிடைக்கின்றன என்பதுதான் கேள்வி.

இயந்திரத்தைப் பொறுத்தவரை கருவியில் குறை சொல்ல அதிகமில்லை. உருளைக்குள் பீர், அதன் தலையில் கார்பன் டை ஆக்சைடு, இடையில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர். 4 டிகிரி குளிரில் சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு அழுத்தம் வைத்தால், ஒரு லிட்டர் பீரில் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் வாயு கரைந்து நிற்கும். சாதாரண பீருக்கு அதுவே அளவு. அந்த அழுத்தம் குழாய் வாயில் சீறாமல் இருக்க, உள்ளே ஒல்லியான டியூப்பை இரண்டு மூன்று மீட்டர் நீளத்துக்குச் சுருட்டி வைப்பார்கள். டியூப்பின் உராய்வே அழுத்தத்தைத் தின்றுவிடும். எல்லாம் கணக்குக்கு அடங்கியவை.

பழைய பெட்டி என்பது இங்கே அனுகூலம்கூட. புது பிரிட்ஜ்கள் பலவற்றில் வெப்பத்தை வெளியே தள்ளும் குழாய்கள் பக்கச் சுவருக்குள் ஒளிந்திருக்கின்றன. அங்கே டிரில் இறங்கினால் கேஸ் போய்விடும், பெட்டியின் கதை முடிந்தது. பழைய ஒற்றைக் கதவு மாடல்களிலோ அந்தக் குழாய்கள் முதுகில் கறுப்புக் கம்பி வலையாக வெளியே தெரியும். கதவில் குளிர்பதனக் குழாய் கிடையாது என்பதால் பீர்க் குழாய்க்கு அதுவே உகந்த இடம். கம்ப்ரசர் லேபிளை மட்டும் படித்துவிட வேண்டும். ஆர்12 என்றிருந்தால் ஓசோனைக் கெடுக்கும் பழைய வாயு. இந்தியா 2008-லேயே அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டது, கசிந்தால் மாற்று தேடி அலைய வேண்டும். ஆர்600ஏ என்றிருந்தால் ஐசோபியூட்டேன், தீப்பற்றும். மேலே ஃப்ரீசர் பெட்டியே குளிர் தரும் பாகம் என்பதால் அதைக் குத்துவதும் நெம்புவதும் கூடாது. பனிக்கட்டியைக் கத்தியால் சுரண்டி ஓட்டை போட்ட வீடுகளை எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார். நிறைந்த உருளை 23 கிலோவுக்குக் குறையாது, கண்ணாடித் தட்டு தாங்காது, அடித்தளத்தில்தான் நிறுத்த வேண்டும். இவ்வளவும் ஒரு நல்ல மெக்கானிக்கின் ஒரு நாள் வேலை. முதல் உரைகல்லில் தேறிவிட்டது.

இரண்டாவது, வெயில். சித்திரையில் தொட்டித் தண்ணீரே வெதுவெதுப்பாக இருக்கும் ஊர் இது. 19 லிட்டரை 32 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு இறக்க ஏறக்குறைய 2,200 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். சிறிய கம்ப்ரசர் நொடிக்கு 100 ஜூல் இழுக்கிறது என்று வைத்தாலும் ஆறு மணி நேரம் ஆகும். சுவர் வழியே உள்ளே நுழையும் சூட்டையும் சேர்த்தால் ஓர் இரவு முழுக்க ஓட வேண்டும். ஆனால் குளிர்ந்த பிறகு அந்த 19 லிட்டரே குளிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சில மணி நேர மின்வெட்டை அது சட்டை செய்யாது. ஆகவே குடிக்கும் கட்டத்தில் வெயில் ஒரு தடையல்ல.

தடை அதற்கு முந்தைய கட்டத்தில். ஏல் வகை ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி வேண்டும், லாகருக்கு இன்னும் குறைவு. 34 டிகிரி அறையில் நொதிக்க விட்டால் கரைப்பான் வாடையும் தலைவலி தரும் கன ஆல்கஹால்களும் சேரும். குளிர்நாட்டில் நிலவறை செய்யும் வேலையை இங்கே இன்னொரு பிரிட்ஜ் செய்ய வேண்டும். ஒரே பெட்டியில் ஒரு பக்கம் 4 டிகிரியில் ஊற்றிக்கொண்டு மறுபக்கம் 20 டிகிரியில் நொதிக்க வைக்க முடியாது. வீடியோக்கள் சொல்லாமல் விடும் செலவு இதுதான். நார்வே கிராமங்களின் க்வைக் என்ற ஈஸ்ட் வகை 35 டிகிரியிலும் நன்றாக வேலை செய்யும் என்பது நேர்மையான எதிர்வாதம். ஆனால் அது ருசியை ஒரே திசையில் இழுக்கும், தேர்வு சுருங்கும். மின்சாரக் கணக்கும் உண்டு. பழைய பெட்டி நாளுக்கு ஒரு யூனிட் என்றால் இரண்டு மாதத்துக்கு 60. இரண்டு பெட்டி என்றால் 120. இலவச 100 யூனிட் வீட்டுத் தேவைக்கே தீர்ந்திருக்கும், இது முழுக்க மேல் அடுக்கில்தான் ஏறும். வெயில் உரைகல்லில் பாதி மதிப்பெண்.

மூன்றாவது, வாயு. கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரிக்கு மேல் திரவமாக இருக்க முடியாது. அதற்குமேல் சூடு ஏற ஏற சிலிண்டரின் அழுத்தம் விரைந்து ஏறும். தகரக் கூரைக்கு அடியிலோ காரின் டிக்கியிலோ வைக்கும் பொருளல்ல அது. இதைவிடப் பெரிய ஆபத்து ஓசையில்லாமல் வருவது. 5 கிலோ சிலிண்டர் முழுதும் கசிந்தால் சுமார் 2.7 கன மீட்டர் வாயு வரும். பத்துக்குப் பத்து அறையின் கொள்ளளவு ஏறக்குறைய 28 கன மீட்டர். மூடிய அறையில் காற்றின் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அந்த வாயுவாகிவிடும், மனிதன் மயங்கி விழுந்து சாக அது போதும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையை ஒட்டித் தேங்கும், படுத்திருப்பவருக்கு முதல் ஆபத்து. படுக்கையறையில் கூடாது, ஏசி போட்டு அடைத்த அறையிலும் கூடாது. வெல்டிங் பட்டறைக்கு வரும் வாயுவைக் குடிக்கும் பொருளில் ஏற்றவும் கூடாது, உணவுத் தர வாயுவே வேண்டும். காற்றோட்டமான திண்ணை, சோதனை முத்திரை உள்ள சிலிண்டர், சோப்பு நுரையால் கசிவுப் பரிசோதனை என்ற நிபந்தனைகளோடு தேறும்.

நான்காவது உரைகல்லில் பெட்டி உடைகிறது. 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் மது என்பதில் பீரையும் கள்ளையும் ஆல்கஹால் உள்ள எந்தத் திரவத்தையும் அடக்குகிறது. அதன் நான்காவது பிரிவு தயாரிப்பதை மட்டும் குற்றமாக்கவில்லை. தயாரிப்பதற்காக மூலப்பொருளோ பாத்திரமோ கருவியோ வைத்திருப்பதையும் குற்றமாக்குகிறது. அதாவது ஒரு சொட்டு பீர் வருவதற்கு முன்பே, அந்த நோக்கத்தோடு அடுக்கிய வாளியும் உருளையும் வழக்குப் பொருளாகலாம். நானே காய்ச்சி நானே குடிக்கிறேன் என்ற விளக்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன.

இங்கே சட்டத்தின் மீதும் விமர்சனம் வேண்டும். கள்ளக்குறிச்சியில் கொன்றது மெத்தனால், தொழிற்சாலைச் சரக்கு. பார்லியை நொதிக்க வைத்துக் கிடைக்கும் பீரில் அந்த ஆபத்து கிடையாது, அங்கே வடித்தலும் இல்லை கலப்படமும் இல்லை. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டுவது அறிவியலுக்கு ஒத்துவராது. அரசு குடியையே எதிர்க்கிறது என்றும் சொல்ல முடியாது. 1983-இல் தொடங்கிய டாஸ்மாக் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தானே நடத்துகிறது. குடிக்கலாம், ஆனால் நீ செய்யக் கூடாது என்பதே நடைமுறைக் கொள்கை. இந்தியாவிலேயே விலக்குகள் உண்டு. அசாமில் பழங்குடியினர் வீட்டு நுகர்வுக்கு அரிசி பீர் செய்துகொள்ளலாம். மது மாநிலப் பட்டியலில் உள்ள பொருள், தமிழ்நாடு நினைத்தால் அளவு வரம்பும் விற்பனைத் தடையும் வைத்துத் தளர்த்தலாம்.

தளர்த்தலாம் என்றாலும், வரிசையில் முதலில் நிற்க வேண்டியது பீர் அல்ல. பல்லடத்தைச் சுற்றி நிற்பவை தென்னந்தோப்புகள். சொந்த மரத்தில் கள் இறக்குவது 1987 முதல் குற்றம். கொங்கு விவசாயிகள் அந்தத் தடையை நீக்கச் சொல்லிப் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். ராஜஸ்தானிலோ ஹரியானாவிலோ விளைந்த பார்லியையும் வெளிநாட்டு ஹாப்ஸையும் நார்வே ஈஸ்ட்டையும் கொண்டுவந்து ஒருவர் தன் வீட்டில் பீர் காய்ச்ச உரிமை பெற, பக்கத்துத் தோப்புக்காரர் தன் மரத்துப் பாளையைச் சீவ முடியாமல் நிற்பது நியாயமான வரிசை ஆகாது. வீட்டு பீருக்கான வாதங்கள், அதாவது குறைந்த போதை, கலப்படமின்மை, சொந்த நுகர்வு ஆகியவை, அனைத்தும் கள்ளுக்கு அப்படியே பொருந்தும். உள்ளூர் வருமானம் என்ற ஒன்று கூடுதலாகவும் சேரும். இந்தப் பொழுதுபோக்கை ஆதரிப்பவர் கள்ளைப் பற்றிப் பேசாமல் கடந்தால், அவர் கேட்பது உரிமையல்ல, சலுகை.

அப்படியானால் அதே பெட்டியில் நீரா, அதாவது புளிக்காத தென்னம்பாளைச் சாறு, வைக்கலாமே என்பது அடுத்த யோசனை. 2017-இல் தமிழ்நாடு நீரா இறக்க அனுமதி தந்தது, ஆனால் தென்னை விவசாயிகளின் கூட்டமைப்புகள் வழியே, உரிமத்தோடு. காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் பாளையிலேயே பனிக்கட்டிப் பெட்டி பொருத்திச் சேகரிக்கும் முறையைக் கண்டுபிடித்தது. சுண்ணாம்பு இல்லாமல் குளிர் மட்டுமே அதைப் புளிக்காமல் காக்கிறது. பிரிட்ஜுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை என்று தோன்றும். ஆனால் பீரைப் போல் நீரா மன்னிக்காது. குளிர் போய்ச் சில மணி நேரத்தில் அது கள்ளாகத் தொடங்கும், கூடவே சட்டத்தின் மறுபக்கமும் போய்விடும். நீண்ட மின்வெட்டு ஒன்றே போதும். வீட்டுக்கு இந்தச் சோதனை வேண்டாம். உரிமம் பெற்ற நிறுவனத்தின் விற்பனைக் கடைக்கு, ஜெனரேட்டர் துணையோடு, இந்தப் பெட்டி பொருந்தும்.

மிஞ்சுவது சோடா. குளிர்ந்த ஆர்.ஓ. தண்ணீரும் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தமும் போதும், கடைச் சோடாவுக்குச் சளைக்காத காரம் வரும். உப்பு அதிகமான போர்வெல் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது, ருசி கெடும். நொதித்தல் இல்லாததால் இரண்டாவது பெட்டி வேண்டாம். வெயில் உரைகல்லில் இழந்த பாதி மதிப்பெண் திரும்பக் கிடைக்கிறது. எலுமிச்சையோ நன்னாரியோ சேர்த்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது. ஒரு உருளையில் 200 மில்லி டம்ளர் 95 வரும். நான்கு பேர் வீட்டுக்கு அது அதிகம், விசைத்தறிக் கூடத்துக்கோ பனியன் கம்பெனி கேன்டீனுக்கோ ஒரு பகல் கணக்கு. விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும்.

தீர்ப்பு இது. நான்கு உரைகல்லையும் கூட்டிச் சராசரி போட்டால் பீர்ப் பெட்டி தேறிவிடும், ஆனால் சட்டம் சராசரியில் சேரும் மதிப்பெண் அல்ல, நுழைவாயில். அது திறக்காத வரை பல்லடத்தில் வீட்டு பீருக்காகப் பிரிட்ஜை மாற்றுவது, எத்தனை திறமையாகச் செய்தாலும், தவறான முதலீடு. கருவியை ஏற்கலாம், அதன் அமெரிக்க உள்ளடக்கத்தை ஏற்க முடியாது. திண்ணையில் வைக்க இடமும் நாளுக்கு ஐம்பது பேராவது குடிக்கும் கூட்டமும் இருந்தால், பழைய ஒற்றைக் கதவுப் பெட்டியில் சோடாக் குழாய் வையுங்கள். இரண்டும் இல்லையென்றால் பழைய பெட்டியைப் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பதே சிக்கனம். சட்டத்தை மாற்றக் கேட்பவர்கள் மனுவின் முதல் வரியில் கள்ளையும் அதற்கடுத்த வரியில் பீரையும் எழுதட்டும்.