கோட்டை எளிது, டேனரி கடினம்

ஸ்கெட்ச் புத்தகத்தோடு வேலூரில் வந்து இறங்குகிறவர் எங்கே போய் உட்காருவார் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். அகழிக்கரைதான். பதினாறாம் நூற்றாண்டுக் கருங்கல் மதில், அதன் காலடியில் தேங்கிய நீர், நீருக்குள் தலைகீழாக இன்னொரு மதில், பின்னால் மொட்டை மலைகள். கல்லின் பொருத்துகளைப் பேனா பார்த்துக்கொள்ளும். நீரைத் தூரிகை பார்த்துக்கொள்ளும். இரண்டு மணி நேரத்தில் நாலு பேரிடம் காட்டத் தகுந்த படம் கைக்கு வந்துவிடும்.

அந்தச் சுலபத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ஆம்பூர், அதைத் தாண்டினால் வாணியம்பாடி. கிழக்கே மேல்விஷாரம், ராணிப்பேட்டை. ஆம்பூருக்கு வடக்கே பேரணாம்பட்டு. இந்த வட்டாரத்துக்குச் சோறு போடுவது தோல். அகழியை அத்தனை அழகாக வரைகிற பேனாவும் வண்ணமும் தோலுக்கு முன்னால் உட்கார்ந்தால் என்ன செய்யும் என்று பார்க்காமல், தெருவில் உட்கார்ந்து ஊரை வரையும் இந்தக் கலையைப் புகழவும் முடியாது, தள்ளவும் முடியாது.

இன்று உலகம் முழுக்க ‘அர்பன் ஸ்கெச்சிங்’ என்ற பெயரில் பரவியிருக்கும் இந்தப் பழக்கத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பத்திரிகையாளராகவும் ஓவியராகவும் இருந்த ஸ்பானியர் கேப்ரியல் காம்பனாரியோ 2007-ல் இணையத்தில் ஒரு குழுவைத் தொடங்கினார். பிறகு அது ‘அர்பன் ஸ்கெச்சர்ஸ்’ என்ற அமைப்பானது. அதன் கொள்கை அறிக்கையின் சாரம் எளிது: இடத்திலேயே வரைய வேண்டும், நேரில் கண்டதை வரைய வேண்டும், கண்டதற்கு உண்மையாக இருக்க வேண்டும். சென்னையில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் மயிலாப்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும் மடக்கு நாற்காலி போட்டு வரைகிறவர்கள் பலரும் இந்த விதிகளைத்தான், தெரிந்தோ தெரியாமலோ, கடைப்பிடிக்கிறார்கள்.

விதிகள் நல்லவை. போட்டோவைப் பார்த்து வரைகிறவருக்குக் கேமரா முன்பே எல்லாவற்றையும் தட்டையாக்கிக் கொடுத்துவிடுகிறது. நேரில் வரைகிறவர் ஒவ்வொன்றையும் தானே தீர்மானிக்க வேண்டும். சூரியன் மணிக்குப் பதினைந்து பாகை நகர்கிறது. ஒன்பது மணிக்குக் கொத்தளத்தின் இடப்பக்கம் விழுந்த நிழல் பத்தரைக்குச் சுருங்கி வேறிடம் போய்விடும். அதனால் அனுபவசாலிகள் முதலில் நிழலின் ஓரத்தைக் கோடாகப் பூட்டிவிட்டுத்தான் மற்றதற்குப் போவார்கள். வேலூர் வெயில் இன்னொரு பாடம் வைத்திருக்கிறது. சென்னையின் கடற்காற்றில் நிதானமாகக் காயும் வண்ணம், நாற்பது பாகையைத் தாண்டும் வேலூர் மே மாதத்தில் தூரிகையை எடுப்பதற்குள் காய்ந்து விளிம்பு கட்டிவிடும். ஈரத்தின் மேல் ஈரம் பரப்பி மேகம் வரைகிற நாசூக்கெல்லாம் இங்கே காலை எட்டு மணியோடு சரி. ஆகவே இங்கே வரைகிறவர் கோட்டையே அதிகம் நம்ப வேண்டியிருக்கிறது. (கோட்டை என்றால் இங்கே பேனாக் கோடு.) அது குறையில்லை என்பது என் கட்சி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இதைவிடப் பெரிய பலம், வரைகிறவர் மற்றவர் கண்ணில் படுவது. தெருவில் உட்கார்ந்து வரைகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஐந்து நிமிடத்தில் ஒரு சின்னக் கூட்டம் சேரும். “அந்தக் கடையில ரெண்டு ஷட்டர், நீங்க ஒண்ணு போட்டுருக்கீங்க” என்று ஒரு பையன் திருத்துவான். கலை விமர்சகருக்குக் கிடைக்காத அதிகாரம் அவனுக்கு உண்டு. அந்தத் தெரு அவனுடையது. தொழிற்சாலை வாசலில் கேமராவைத் தூக்கினால் வாட்ச்மேன் ஓடி வருவார். பேனாவோடு எதிர்ப்பக்கத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரை அவரே வந்து எட்டிப் பார்ப்பார். இந்த இடைவெளி சின்னதுதான், ஆனால் தோல் ஊர்களில் அதற்கு மதிப்பு அதிகம்.

இனி மறுபக்கம்.

நேரில் வரைவதைத் தமிழர்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. நாமக்கல்லில் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, ‘ஆனந்த விகட’னில் சேர்ந்த சில்பி 1948 முதல் பத்தாண்டுக்கு மேல் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய் வரைந்தார். அவர் செய்ததும் இடத்திலேயே உட்கார்ந்து, கண்டதைப் பேனாவால் பதிவதுதான். ஆனால் ஒரு தூணுக்கு எத்தனை நேரம் தேவையோ அத்தனை நேரம் கொடுத்தார். ஒரே கோயிலில் நாள்கணக்கில் தங்கினார். இன்றைய ஸ்கெட்ச் குழுக்களின் ‘ஒரே அமர்வில் முடி’ என்ற பழக்கத்தை அவர் படங்களின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு ஏழையானது என்று தெரியும். வேலூர் ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்தில் ஒரு வீரனின் குதிரைக் காலை மட்டும் ஒழுங்காகப் பார்க்கவே ஒரு காலைப்பொழுது போய்விடும். இரண்டு மணி நேரத்தில் மண்டபம் முழுவதையும் வரைந்தேன் என்று ஒருவர் சொன்னால், மண்டபம் என்ற எண்ணத்தை வரைந்திருக்கிறார் என்று பொருள்.

மனோகர் தேவதாஸ் இன்னொரு கோணத்திலிருந்து இந்த விதிகளைச் சோதிக்கிறார். மதுரையையும் சென்னையையும் நுணுக்கமான பேனாக் கோடுகளில் பதித்த அவர், விழித்திரை நோயால் பார்வை குறுகிக்கொண்டே வந்தபோதும் வரைவதை விடவில்லை. இளமைக்கால மதுரையை அவர் பிற்காலத்தில் வரைந்ததற்கு நினைவும் ஆதாரம். கண்டிப்பான ஸ்கெச்சர் அதை ‘நேரில் வரைந்ததல்ல’ என்று ஒதுக்கலாம். ஒதுக்கினால் நட்டம் ஸ்கெச்சருக்கு. ஓர் ஊரோடு வாழ்நாள் முழுக்கப் பழகிய கை, அங்கே அன்று காலை வந்து இறங்கிய கண்ணைவிட அதிகம் அறிந்திருக்கும்.

வேலூருக்குள்ளேயே இதற்குச் சாட்சி உண்டு. லாங் பஜார் மணிக்கூண்டை வரையாமல் யாரும் திரும்புவதில்லை. காய்கறி வண்டிகளும் தலைச்சுமைகளும் நெருக்கியடிக்கும் தெருவில் செங்குத்தாக எழும் ஒரு கட்டடம் ஓவியருக்கு வரம். அதில் ஒரு கல்வெட்டு இருக்கிறது: முதல் உலகப் போருக்கு இங்கிருந்து போனவர்கள் 277 பேர், அவர்களில் உயிரைக் கொடுத்தவர்கள் 14 பேர் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள். படங்களில் கல்வெட்டு பெரும்பாலும் நாலு நெளிகோடாகிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் நெளிகோடாகத்தானே தெரிகிறது என்று ஸ்கெச்சர் வாதாடலாம், கண்டதற்கு உண்மையாகவே இருக்கிறார். எழுந்து பத்தடி போய்ப் படித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தால் அந்த மணிக்கூண்டு வேறு படமாகியிருக்கும்.

சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களுக்கு வந்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. லாட்ஜுகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வங்காள எழுத்துப் பலகைகள். கொல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்து மாதக்கணக்கில் தங்கும் நோயாளிகள், துணைக்கு வந்தவர்கள், கையில் ஸ்கேன் கவர்கள். தமிழ்நாட்டில் இப்படி இன்னொரு தெருவைக் காண்பது அரிது, வரையத்தான் வேண்டும். ஆனால் கீமோ முடிந்து நடைபாதையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் முகத்தைக் கேட்காமல் வரையலாமா? ஸ்கெட்ச் குழுக்கள் இதைப் பற்றிப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. பேனா கேமராவைவிட மென்மையானது என்ற நம்பிக்கையில் கடந்துபோகிறார்கள். வரையப்படுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். அந்தத் தெருவில் பலகைகளை வரைவது நியாயம். முகத்தை வரைவதென்றால் முதலில் பக்கத்தில் போய்ப் பேச வேண்டும்.

இப்போது டேனரிக்கு, அதாவது தோல் பதனிடும் ஆலைக்கு, வருவோம். வெளியே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது என்ன? ஒரு நீண்ட மதில், இரும்பு கேட், உப்புப் போட்ட பச்சைத்தோல் ஏற்றி வந்து நிற்கும் லாரி, ஓட்டுக் கூரை, காற்றுக்காகத் திறப்புகள் விட்ட மேல்மாடி. நல்ல படம் வரும். சுண்ணாம்பும் சல்பைடும் சேர்ந்து தோலிலிருந்து முடியைக் கழற்றும் நாற்றம் படத்தில் வராது. உள்ளே சுழலும் மர டிரம் தெரியாது. நிலத்தடியில் இறங்கிய உப்பு தெரியவே தெரியாது. உப்பேறிய கிணற்று நீருக்கு நிறம் கிடையாது. ‘கண்டதற்கு உண்மையாக இரு’ என்ற விதி இங்கே வந்து முட்டி நிற்கிறது. இந்த வட்டாரத்தின் முக்கியமான உண்மைகள் கண்ணுக்குத் தெரிபவை அல்ல.

அவை நீதிமன்ற ஏடுகளில் இருக்கின்றன. டேனரிக் கழிவால் பாலாறு கெடுவதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்படப் பத்துப் பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்று மாசைப் பற்றித் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட முப்பது ஆண்டு இடைவெளியில் ஒரே ஆறு, ஒரே கேள்வி.

நீர்வண்ணத்தின் மேல் என் முக்கியமான குற்றச்சாட்டு இந்த இடத்தில்தான் வருகிறது. அது எதையும் அழகாக்கிவிடும். வறண்ட பாலாற்றின் மணலுக்கு ஒரு காவி மஞ்சளை நீர்த்துப் பரப்பினால் பார்ப்பவர் மனம் குளிர்ந்துவிடும். நுரை என்றால் வெள்ளைத் தாளை அப்படியே விட்டால் போதும். ராணிப்பேட்டையில் 1990களில் மூடிய குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுக் குவியலிலிருந்து கசியும் நீர் மஞ்சள். நல்ல, தெளிவான மஞ்சள். ஓவியர் வண்ணப்பெட்டியில் காசு கொடுத்து வாங்குகிற மஞ்சள். அதை அப்படியே வரைந்தால் அந்த விஷம் ஒரு மாலைப்பொழுதாகிவிடும். இது ஓவியரின் திறமைக் குறைவால் நடப்பதில்லை. திறமை கூடக்கூட இந்த ஆபத்தும் கூடுகிறது.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. ஓவியரின் பைக்கும் டேனரிக்கும் உறவு மிக நெருக்கம். ‘விரிடியன்’ என்ற பச்சை வண்ணம் குரோமியம் ஆக்சைடு. பதனிட்ட தோலை வெளிர்நீலமாக்குவதும் குரோமியம்தான். விலை உயர்ந்த நீர்வண்ணத் தாள்கள் சிலவற்றில் வண்ணம் ஊறாமல் தடுப்பது ஜெலட்டின் பூச்சு. ஜெலட்டினுக்கு மூலப்பொருள்களில் ஒன்று தோலின் கழிவுத் துண்டுகள். தோல் பதனிடப் பயன்பட்ட கடுக்காயின் சாற்றில் அன்னபேதியைக் கலந்தால் கறுப்பு மை கிடைக்கும். ஆக, ஆம்பூர் மதிலுக்கு வெளியே உட்கார்ந்து ‘எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நான் பார்வையாளன்’ என்று சொல்ல முடியாது. காலில் போட்டிருக்கும் ஷூவைப் பற்றி நான் பேசவே இல்லை.

எழுத்தாளர்கள் உள்ளே போயிருக்கிறார்கள். திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றிய டி. செல்வராஜின் ‘தோல்’ நாவலுக்கு 2012-ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கி நிற்கும் மனிதனை நாவலால் காட்ட முடிந்தபோது, ஸ்கெட்ச் புத்தகம் ஏன் கேட்டுக்கு வெளியே நிற்கிறது? கருவியைக் குறை சொல்ல முடியாது. 1943-ல் ஓவியர் சித்தப்பிரசாத் வங்காளப் பஞ்சத்தில் மிட்னாப்பூர் மாவட்டத்தில் அலைந்து, கறுப்பு மையால் வரைந்தார். வரையப்பட்டவர்களின் பெயரையும் ஊரையும் கதையையும் கூடவே எழுதினார். அவை ‘பசித்த வங்காளம்’ என்ற நூலாக வந்தபோது அதன் பிரதிகளை ஆங்கில அரசு பறித்து அழித்தது. அகழியின் படத்துக்காக எந்த அரசும் அவ்வளவு சிரமப்படாது.

சித்தப்பிரசாத் செய்ததில் எனக்கு முக்கியமாகப் படுபவை இரண்டு. ஒன்று, வண்ணத்தை விட்டுவிட்டது. வேலூர் வெயில் கோட்டை நம்ப வைப்பது குறையில்லை என்று மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான்: கோடு ஒப்புக்கொடுக்கும், வண்ணம் சமாதானப்படுத்தும். இன்னொன்று, படத்தின் பக்கத்திலேயே எழுதியது. கண்ணுக்குத் தெரியாததை ஓரத்தில் எழுதலாம். கிணற்றை வரைந்துவிட்டு, ‘பத்து வருடமாக இதைக் குடிப்பதில்லை’ என்று வீட்டுக்காரம்மா சொன்னால் அதை அவர் பேச்சிலேயே கீழே எழுதினால், அந்தத் தெளிந்த நீர் படத்தில் வேறாகத் தெரியும். ‘படம் தானே பேச வேண்டும்’ என்கிற தூய்மைவாதம் ஓவியப் பள்ளிக்கு நல்லது.

‘வார விடுமுறையில் மனசு ஆற வரைகிறவர் தலையில் இவ்வளவு பாரத்தை ஏற்றுவது அநியாயம்’ என்று மறுப்பு வரும். பாதி நியாயம். ஆறுதலுக்காக வரைகிறவர் அகழியையே ஆயுள் முழுக்க வரையட்டும், யாருக்கும் நட்டமில்லை. ஆனால் ‘எங்கள் படங்கள் இடத்துக்கும் காலத்துக்கும் ஆவணம்’ என்று இந்த இயக்கம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிறது. ஆவணம் என்று சொன்ன பிறகு எது விட்டுப்போனது என்று கேட்கத்தான் செய்வார்கள். நூறு வருடம் கழித்து இந்தப் புத்தகங்களைப் புரட்டுகிறவருக்கு, 2020களின் வேலூர் வட்டாரம் ஒரு கோட்டையும் ஒரு மணிக்கூண்டும் சில பிரியாணிக் கடைகளும் கொண்டதாகத் தோன்றினால், அது போட்டோக்காரர்களின் தப்பாக இருக்காது.

செய்யக்கூடியது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆம்பூரில் ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பெரும்பகுதி பெண்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து, மாலையில் அதே பஸ்ஸில் திரும்புகிறார்கள். தோளில் பை, கையில் டிபன் கேரியர், பஸ் ஏறும் அவசரம், ஏறியதும் ஜன்னலில் சாயும் தலைகள். எல்லாம் வெட்டவெளியில், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி நடக்கிறது; விதி எதையும் மீற வேண்டாம், கேட்டைத் தாண்டவும் வேண்டாம். ஒரே மாலையில் முடிக்காமல் மறுவாரமும் அதே இடத்துக்குப் போனால் முகங்கள் பழகும், பழகினால் அவர்களே பேசுவார்கள். அதற்கு வண்ணப்பெட்டி வேண்டியதில்லை. பேனா போதும், அவர்கள் சொல்வதை எழுத ஓரத்தில் கொஞ்சம் இடமும்.