கையெழுத்துப் போடாத விவாகரத்து

தமிழ் சினிமாவில் விவாகரத்து வாங்க இரண்டு பொருட்கள் போதும். ஒரு பத்திரம், ஒரு பேனா. கணவன் பேப்பரை மேஜை மேல் வீசுவான். மனைவி ஒரு சொட்டுக் கண்ணீரோடு கையெழுத்துப் போடுவாள். கட். அடுத்த சீனில் இருவரும் அந்நியர்கள். மெகா சீரியல் என்றால் இதே பேனாவை மூன்று வாரம் உருட்டுவார்கள். நடுவில் நீதிபதி என்று ஒருவர் உண்டு என்பது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

விதிவிலக்கு, 1986-ல் வந்த 'மௌன ராகம்'. விவாகரத்து கேட்டுப் போகிறவர்களை, கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகட்டும் என்று திருப்பி அனுப்புகிறார்கள். இது 1955-ம் வருட இந்து திருமணச் சட்டத்தின் 14-வது பிரிவு. அந்தப் பிரிவையே திரைக்கதை ஆக்கிக்கொண்டார் மணிரத்னம். சபாஷ்!

மற்ற படங்கள் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும் பாடங்கள் இரண்டு. இரண்டுமே தப்பு. இரண்டாலும் நஷ்டப்படுகிறவள் பெரும்பாலும் மனைவிதான்.

முதல் பாடம்: கையெழுத்துப் போடாவிட்டால் விவாகரத்து கிடையாது. "நான் போட மாட்டேன். அவரால என்ன பண்ண முடியும்?" என்று அம்மா வீட்டில் வைராக்கியமாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். என்ன பண்ண முடியும் தெரியுமா? கோர்ட்டிலிருந்து சம்மன் வரும். தபால்காரரிடம் வாங்க மாட்டேன் என்று சொன்னால், கொடுத்ததாகவே கணக்கு. ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் கதவில் ஒட்டலாம். நீதிபதி அனுமதித்தால் பேப்பரில் விளம்பரம் போடலாம். வரி விளம்பரங்களுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் வருமே, அது. அதை யார் படிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.

பிறகு ஒருநாள் டவாலி பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். பதில் இருக்காது. 'எக்ஸ்பார்ட்டி' என்று எழுதிவிட்டு, வந்தவரின் சாட்சியத்தை மட்டும் கேட்பார்கள். எதிர்த்தரப்பு வராவிட்டாலும் காரணம் நிரூபிக்கப்பட்டதா என்று நீதிபதி பார்த்தாக வேண்டும் என்கிறது சட்டம். ஆனால், குறுக்கு விசாரணை இல்லாத சாட்சி எப்படி இருப்பார்? நாலாவது ரவுண்டில் எதிராளி வராத கேரம் ஆட்டக்காரர் மாதிரி இருப்பார்.

இதை ஏன் சினிமாவில் காட்டுவதில்லை என்றால், காட்ட ஒன்றுமே இல்லை. ஒரு காலி நாற்காலி, அவ்வளவுதான்.

இரண்டாவது பாடம் இன்னும் மோசம். எதையும் வாங்காமல் வெளியே போவதுதான் கௌரவம்! மகேஷ் பட்டின் 'அர்த்' (1982) பார்த்திருப்பீர்கள். அதைத்தான் பாலுமகேந்திரா 1993-ல் 'மறுபடியும்' என்று தமிழில் எடுத்தார். இந்திக் கதைப்படி, அநாதையாக வளர்ந்த நாயகிக்குச் சொந்த வீடுதான் கனவு. கணவன் ஒருநாள் சாவியை நீட்டுகிறான். வீட்டுக்குப் பின்னால் இன்னொருத்தி இருப்பது பிறகுதான் தெரிகிறது. நாயகி வீட்டை விட்டு வெளியேறி ஹாஸ்டலுக்குப் போகிறாள். நல்ல படம், சந்தேகமே இல்லை. மனைவி திரும்பி வராமல் தனியே நிற்பதைக் காட்டத் துணிச்சல் வேண்டும். அந்த வீட்டை விட்டுவிட்டு வந்ததற்கும் கைதட்டலாம். எனக்குக் குறை என்னவென்றால், வாழ்ந்த வருஷங்களுக்கு என்ன கணக்கு என்று படத்தில் யாரும் வாயைத் திறப்பதில்லை. கேட்டிருந்தால் அவள் கேரக்டர் கெட்டுவிடும் என்று பயம் போலிருக்கிறது.

நம்புங்கள், சட்டமும் கிட்டத்தட்ட அந்த டைரக்டர் மாதிரிதான். இந்து திருமணச் சட்டத்தில் சொத்தைப் பிரிப்பது பற்றி ஒரே ஒரு பிரிவு, 27. கல்யாணத்தின்போதோ அதையொட்டியோ பரிசாக வந்து, இருவருக்கும் பொதுவாக இருக்கும் பொருட்களைப் பற்றித்தான் அதுவும் பேசுகிறது. அதாவது கட்டில், பீரோ, கிரைண்டர்! பிறகு இருவரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இ.எம்.ஐ. அடைத்த ஃபிளாட்? பத்திரத்தில் யார் பேரோ, அவருக்கு. கோவாவில் அப்படி இல்லை. போர்ச்சுகீசியர் விட்டுப்போன சிவில் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் தம்பதிக்குச் சொத்தில் பாதிப் பாதி.

மாற்றப் பார்த்தார்கள். கணவனின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்கு தர வழி செய்யும் மசோதா 2013-ல் ராஜ்யசபாவில் நிறைவேறியது. அடுத்த வருஷம் லோக்சபா கலைந்தது. மசோதாவும் காலி. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் வெளிநாட்டில் சம்பாதிக்க, இங்கே வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சொத்து வாங்கியதில் சேர்த்திதான் என்று சொல்லி, அவருக்குச் சம பங்கு கொடுத்தது. அருமையான தீர்ப்பு. ஆனால் விவாகரத்து வழக்கில் வந்ததல்ல. சட்டப் புத்தகத்திலும் இன்னும் ஏறவில்லை.

சரி, எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வந்துவிட்டால் எல்லாம் போச்சா? சொந்தக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். "தீர்ப்பே வந்தாச்சு, இனி என்னம்மா கேக்கறது!" தப்பு. அந்தத் தீர்ப்பு கல்யாணத்தைத்தான் முடிக்கிறது. பிறந்த வீட்டு நகை, சீர் எல்லாம் மனைவியின் தனிச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே அடித்துச் சொல்லிவிட்டது. பத்திரத்தில் அவள் பேர் இருந்தால் அதையும் யாரும் அழிக்க முடியாது. (வரிக்காக மனைவி பேரில் வீடு வாங்கியவர்கள் இந்த வரியை இன்னொரு தரம் படிக்கவும்.) குழந்தைகள் எப்போதும் போல் அப்பாவின் வாரிசுகள். முக்கியமாக, நிரந்தர ஜீவனாம்சத்தைத் தீர்ப்பு வந்த பிறகும் கேட்கலாம். 25-வது பிரிவில் அந்த வார்த்தைகளே இருக்கின்றன. கணவனும் கேட்கலாம் என்பது அதே பிரிவில் இருக்கும் தமாஷ்.

அமெரிக்க மாப்பிள்ளை அங்கே ஒரு கோர்ட்டில் சத்தமில்லாமல் வாங்கி வரும் தீர்ப்பு வேறு ரகம். மிசௌரி மாநிலத்தில் வாங்கிய அப்படி ஒரு விவாகரத்தை இங்கே ஏற்க முடியாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் தள்ளியது.

நிஜமாகவே பறிபோகிற ஒன்று உண்டு. விதவை என்கிற அந்தஸ்து. முகம் சுளிக்காதீர்கள், நம் ஊரில் அபசகுனமான அந்த வார்த்தைக்கு வாரிசுச் சட்டத்தில் முதல் வரிசை நாற்காலி. கணவன் உயில் எழுதாமல் இறந்தால் அவன் சம்பாதித்த சொத்தில் மனைவி, பிள்ளைகள், தாய் எல்லோருக்கும் சமமாகப் பங்கு. விவாகரத்தானவள் அந்த வரிசையில் இல்லை.

1996-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு இதுதான். கணவர் எக்ஸ்பார்ட்டியாக விவாகரத்து வாங்குகிறார். பிறகு இறந்துபோகிறார். தீர்ப்பை ரத்து செய்யுங்கள் என்று வருகிறார் மனைவி. புருஷனே போன பிறகு எதற்கு இந்த வழக்கு? அவருடைய அந்தஸ்தும் சொத்துரிமையும் இதில் அடங்கியிருக்கின்றன, கேட்கலாம் என்றது கோர்ட். தீர்ப்பு ரத்தானால் பழைய விவாகரத்து மனு மறுபடி உயிர் பெற வேண்டும். ஆனால் மனு போட்டவர் உயிரோடு இல்லையே! ஆகவே அதுவும் முடிந்தது. மனைவி, விதவையாக வாரிசு வரிசைக்குத் திரும்பலாம்.

இப்படி ரத்து கேட்க முப்பது நாள் கெடு. சம்மன் ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தால் தீர்ப்புத் தேதியிலிருந்து எண்ணுவார்கள். வரவே இல்லை என்றால், விஷயம் தெரிந்த நாளிலிருந்து. தபால்காரரிடம் 'வாங்க மாட்டேன்' என்று சொன்னவர்களுக்கு இந்த இரண்டாவது கணக்கு பொருந்தாது.